நான்கு காதுகளோடு நின்ற ஆட்டுக்குட்டி: விரிவுரையைக் கேட்கும் முன் தேதியைப் பாருங்கள்

[திரையில்: அருகருகே இரண்டு ஆட்டுக்குட்டிகளின் முகங்கள்]

வணக்கம். இடப்பக்கம் இருக்கும் ஆட்டுக்குட்டியின் கண்கள் தலையின் இரு ஓரங்களிலும் ஒதுங்கி, எதையும் குறிப்பாகப் பாராமல் சாதுவாக இருக்கின்றன. வலப்பக்கத்து ஆட்டுக்குட்டியோ முன்னோக்கிய கண்களால் உங்களையே நேராகப் பார்க்கிறது. அதன் முகம் சிறியது, உதடுகள் இளஞ்சிவப்பு, பார்வை ஏறத்தாழ மனிதப் பார்வை. இவை இரண்டும் ஒரே ஓவியத்தின் ஒரே இடத்தில் எடுத்த படங்கள் என்று சொன்னால் நம்புவீர்களா?

இடைக்கால, மறுமலர்ச்சிக் கால ஐரோப்பியக் கலையைப் பற்றிய பல்கலைக்கழக விரிவுரைகள் இன்று இணையத்தில் இலவசமாகக் கொட்டிக் கிடக்கின்றன. யேல் பல்கலைக்கழகம் 2007-இல் தொடங்கிய திறந்த பாடங்களில், பேராசிரியர் பால் ஃப்ரீட்மன் நடத்திய தொடக்க இடைக்கால வரலாற்று வகுப்புகளை முழுமையாகக் கேட்கலாம். லண்டனில் 1597-இல் நிறுவப்பட்ட கிரெஷாம் கல்லூரி, பொதுமக்களுக்கான தன் விரிவுரைகளைப் பதிவு செய்து வெளியிடுகிறது. பெத் ஹாரிஸ், ஸ்டீவன் சக்கர் என்னும் இரு கலை வரலாற்றாசிரியர்கள் தொடங்கிய ஸ்மார்ட்ஹிஸ்டரியில், ஓவியத்தின் முன் நின்று இருவர் உரையாடுவதை ஒட்டுக் கேட்பது போல நாம் கேட்கிறோம். எனக்கு மிகவும் பிடித்த முறை அதுதான். ஆனால் இத்தகைய பதிவு எதைத் திறந்தாலும் ஒரு கேள்வியை முதலில் கேட்டுவிடுங்கள்: இது எந்த ஆண்டு பதிவானது? ஏன் கேட்க வேண்டும் என்பதை அந்த ஆட்டுக்குட்டியே சொல்லும்.

[திரையில்: கெண்ட் பலிபீட ஓவியம், திறந்த நிலையில்]

பெல்ஜியத்தின் கெண்ட் நகரில், புனித பாவோ பேராலயத்தில் இருக்கும் இந்தப் பலிபீட ஓவியத்தை ஹூபெர்ட் வான் எய்க் தொடங்க, அவருடைய தம்பி யான் வான் எய்க் 1432-இல் முடித்தார். பல மரப்பலகைகளில் தீட்டப்பட்ட இதன் கதவுகளைத் திறந்து வைத்தால் ஏறத்தாழ மூன்றரை மீட்டர் உயரமும் நான்கரை மீட்டருக்கும் அதிகமான அகலமும் கொண்டது. பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் பாரிசுக்குப் போனதும், இரண்டாம் உலகப் போரில் ஆஸ்திரியாவின் உப்புச் சுரங்கம் ஒன்றில் ஒளித்து வைக்கப்பட்டதும், 1934-இல் திருடப்பட்ட ஒரு பலகை இன்றுவரை கிடைக்காததும் தனித்தனி வீடியோக்களுக்கு உரிய கதைகள்; இன்று அவற்றைக் கடந்துவிடுவோம்.

கீழ் வரிசையின் நடுவில், பலிபீடத்தின் மீது ஆட்டுக்குட்டி நிற்கிறது. அதன் மார்பிலிருந்து பீறிடும் குருதி ஒரு கிண்ணத்தில் விழுகிறது. "இதோ, உலகத்தின் பாவத்தைச் சுமந்து தீர்க்கிற தேவ ஆட்டுக்குட்டி" என்று தமிழ் விவிலியத்தில் நாம் படிக்கும் யோவான் நற்செய்தியின் வரி, பலிபீடத்தின் முன்விளிம்பில் இலத்தீனில் எழுதப்பட்டிருக்கிறது. ஆகவே இது ஆடாக வரையப்பட்ட கிறிஸ்து. அந்த முகம் எப்படி இருக்கிறது என்பது இந்த ஓவியத்தில் சிறிய கேள்வி அன்று.

16-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், பழுது பார்த்தவர்கள் அந்த முகத்தின் மீதே புதிதாக ஒரு முகத்தைத் தீட்டினார்கள். நாம் முதலில் பார்த்த சாதுவான ஆடு அதுதான். பின்னர் 1950-51-இல் நடந்த சீரமைப்பில், தலையைச் சுற்றியிருந்த மேற்பூச்சின் ஒரு பகுதியை மட்டும் அகற்றியபோது, அடியிலிருந்த மூல ஓவியத்தின் காதுகள் வெளியே வந்தன. மேலே தீட்டப்பட்ட காதுகளும் அப்படியே இருந்தன. விளைவு, உலகின் தலைசிறந்த ஓவியங்களுள் ஒன்றின் நட்ட நடுவில், நான்கு காதுகளோடு ஒரு ஆட்டுக்குட்டி அரை நூற்றாண்டுக்கும் மேலாக நின்றுகொண்டிருந்தது! பழைய பதிவு ஒன்றில் ஓவியத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள், எண்ணிவிடலாம்.

[திரையில்: நுண்ணோக்கியின் கீழ் அறுவைக் கத்தி]

2012-இல் தொடங்கிய பெரும் சீரமைப்பின் இரண்டாம் கட்டத்தில்தான் இந்தப் பலகைக்கு முறை வந்தது. ஊடுகதிர்ப் படங்களும் அகச்சிவப்புப் படங்களும் அடியில் வேறொரு முகம் இருப்பதைக் காட்டிக் கொடுக்க, வல்லுநர்கள் நுண்ணோக்கியில் கண்ணை வைத்து, சிறு கத்தியால் மேற்பூச்சை மில்லிமீட்டர் மில்லிமீட்டராகச் சுரண்டி எடுத்தார்கள். ஏறத்தாழ 470 ஆண்டுகளாக மறைந்திருந்த பார்வை திரும்பியது. அந்த முகத்தைக் கண்டு இணையத்தில் பலர் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பலியாகும் ஆடு தன்னைப் பார்ப்பவரின் கண்ணைச் சந்திக்க வேண்டும் என்று ஓவியர் தீர்மானித்திருக்கிறார், பின்னால் வந்தவர்களோ அந்தப் பார்வையைத் தணித்துவிட்டார்கள் என்றே நான் கருதுகிறேன்.

இப்போது விரிவுரைக்குத் திரும்புவோம். அந்தப் பலகை துலக்கப்படும் முன் பதிவான விரிவுரையில், வான் எய்க் ஆட்டின் சாந்தத்தை எவ்வளவு இயல்பாகத் தீட்டினார் என்று ஒருவர் விளக்கியிருந்தால், அவர் விளக்கியது வான் எய்க்கின் தூரிகையை அன்று, நூறாண்டுகளுக்கும் மேல் பின்னால் வந்த இன்னொருவரின் தூரிகையை. அது அவருடைய பிழையும் அன்று. அவர் கண் முன் இருந்த ஓவியம் அதுதான். வகுப்பறையில் பாடம் நடத்துபவர் அடுத்த ஆண்டே திருத்திக்கொள்வார், பதிவால் அது முடியாது. வத்திக்கானின் சிஸ்டைன் சிற்றாலயத்தில் மைக்கேலாஞ்சலோ தீட்டிய விதானத்தை 1980-களில் துலக்கியபோதும் இதுவே நடந்தது. மைக்கேலாஞ்சலோவை மங்கல் நிறங்களின் ஓவியர் என்று கற்பித்தவர்கள், புகைப்படலத்துக்கு அடியிலிருந்து இளம்பச்சையும் ஆரஞ்சும் எழுந்து வந்ததைக் கண்டார்கள்.

பழைய பதிவுகளை ஒதுக்கிவிடச் சொல்லவில்லை. 'வான் எய்க்கின் அருகில்' என்னும் பொருள்படும் பெயரில் ஓர் இணையதளம் இருக்கிறது. கெண்ட் ஓவியத்தை நுணுக்கமாக, துலக்கிய பகுதிகளை முன்னும் பின்னும் எடுத்த படங்களாக, ஊடுகதிர்ப் படங்களோடு சேர்த்து அது இலவசமாகக் காட்டுகிறது. ஒரு சாளரத்தில் விரிவுரை ஓடட்டும், மறு சாளரத்தில் இந்தத் தளம் திறந்திருக்கட்டும். பேராசிரியர் எந்த மூலையைச் சுட்டுகிறாரோ அந்த மூலையை நீங்களே பெரிதாக்கிப் பாருங்கள். கைப்பேசி வேண்டாம், அதில் முழு ஓவியத்தையும் வைத்தால் ஆட்டுக்குட்டி அரிசியளவுகூடத் தேறாது.

மேல் வரிசைப் பலகைகளின் சீரமைப்பு 2023-இல் தொடங்கியிருக்கிறது. அங்கே மேற்பூச்சுக்கு அடியிலிருந்து எது வெளிப்படுகிறதோ, அதற்கேற்ப இந்த வீடியோவும் பழையதாகும். அதற்காகவே பதிவு தேதியைக் கீழே பெரிய எழுத்தில் போட்டிருக்கிறேன். நீங்கள் கேட்ட விரிவுரைகளில் எந்த ஆட்டுக்குட்டி இருந்தது, எத்தனை காதுகள் இருந்தன என்று கருத்துப் பகுதியில் எழுதுங்கள்.