இஞ்சி சோடாவுக்கு முதலில் வாங்க வேண்டியது

மதுரை வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

இராமநாதபுரம் பக்கம் பனங்காடுகளில் பனையேறுபவரைப் பார்த்திருப்பீர்கள். கலயத்தைப் பாளையில் கட்டும் முன் அதன் உட்புறம் சுண்ணாம்பு தடவுவார். தடவினால் காலையில் இறக்குவது பதநீர். தடவாமல் விட்டால் அதே சாறு பொழுது விடிவதற்குள் நொதித்துக் கள்ளாகிவிடும். சாற்றை நொதிக்கவைக்கும் ஈஸ்ட் என்ற நுண்ணுயிர் சுண்ணாம்பின் காரத்தில் வளர முடியாது, அதுதான் காரணம். மரமும் ஒன்று, பாளையும் ஒன்று. குடிக்கப் போவது எது என்று முடிவு செய்வது கலயம்.

இன்று நான் பேச வந்ததும் பாத்திரங்களைப் பற்றித்தான். வீட்டில் நுரை பொங்கும் இஞ்சி சோடா செய்ய ஆசைப்படுகிறவர் முதலில் எதை வாங்க வேண்டும், எதை வாங்கவே வேண்டாம் என்று சொல்லப் போகிறேன்.

இதை நான் கற்றுக்கொண்டது பீர் காய்ச்சும் ஒருவரிடம். இங்கிலாந்தில் லெஸ்டர் நகரில் ஏழு ஆண்டுகள் செவிலியராக வேலை பார்த்தேன். பக்கத்து வீட்டுப் பெரியவர் தம் சமையலறையில் பீர் காய்ச்சுவார். அங்கே 1963ஆம் ஆண்டிலிருந்து சொந்தக் குடிப்புக்கு வீட்டில் பீர் காய்ச்ச உரிமம் தேவையில்லை. அமெரிக்காவில் 1978இல்தான் அதற்குச் சட்டம் வந்தது. நம் ஊர் நிலை வேறு. 1937ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டப்படி உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது குற்றம். கள்ளுக்கே 1987இலிருந்து தடை. அதனால் பீர் காய்ச்சும் வழி எதையும் நான் சொல்லப்போவதில்லை. ஆனால் அந்தப் பெரியவர் பாத்திரம் தேர்ந்தெடுத்த விதம் நமக்கு அப்படியே உதவும்.

அங்கே புதிதாகத் தொடங்குகிறவருக்கு என்றே ஒரு பெட்டி விற்பார்கள். 20 லிட்டருக்கு மேல் பிடிக்கும் பிளாஸ்டிக் வாளி, உள்ளே இருக்கும் வாயு நீர் வழியாகக் குமிழ் விட்டு வெளியேற ஏர்லாக், வெப்பமானி, ஹைட்ரோமீட்டர், வடித்து மாற்றக் குழாய், பாட்டில்களுக்கு மூடி அடிக்கும் கருவி எல்லாம் அதில் இருக்கும். ஹைட்ரோமீட்டர் வேறொன்றும் இல்லை, பால் சொசைட்டியில் பாலுக்குள் விட்டுப் பார்க்கும் பால்மானியின் உடன்பிறப்பு. இனிப்பு எவ்வளவு கரைந்திருக்கிறது என்பதை அது மிதக்கும் உயரம் காட்டும். பெரியவர் முதல் ஆண்டில் பெரிய கண்ணாடிக் குடுவையும் செப்புக் கொப்பரையும் வாங்கிவிட்டார். நான் போனபோது இரண்டும் மாடிப்படிக்குக் கீழே தூசி பிடித்துக் கிடந்தன. தினமும் கையில் எடுத்தது அந்தச் சாதாரண வாளியையும் ஒரு சின்னத் தராசையும்தான். "காசு குறைவாக இருந்தால் தராசு வாங்கு, மீதியை அடுக்களையில் தேடு" என்பார்.

நான் அதைக் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. ஊர் திரும்பிய பிறகு ஒரு சித்திரைத் திருவிழா வாரம். எதிர்சேவை பார்க்க உறவுக்காரர்கள் வருவார்கள் என்று இஞ்சி சோடா போட்டேன். சர்க்கரையைக் கண்ணளவாக அள்ளிப் போட்டு, ஈஸ்ட் தூவி, பழைய ஜூஸ் பாட்டில்கள் ஆறில் ஊற்றி இறுக்கி மூடி, அடுக்களை மேடையில் வரிசையாக வைத்தேன். எல்லாம் கண்ணாடி பாட்டில்கள். மறுநாள் மத்தியானம் ஒன்று வெடித்தது. கொஞ்ச நேரத்தில் இன்னொன்று. சத்தம் கேட்டு அடுக்களைக்குள் ஓடிவந்த அம்மாவின் பாதத்தில் கண்ணாடிச் சில்லு ஏறிவிட்டது. மூன்று தையல். புண் சுத்தம் செய்வதே தொழிலாக இருந்த எனக்கு அன்று கை நடுங்கியது. மிச்சம் நான்கு பாட்டில்களைத் திறக்கவும் பயம், விடவும் பயம். கனமான போர்வையை ஈரத்தில் நனைத்து மேலே போர்த்திவிட்டு, சாயங்காலம் வரை அந்தப் பக்கம் யாரையும் விடவில்லை.

நடந்தது என்ன என்று சொல்கிறேன். ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று ஏறக்குறைய பாதிக்குப் பாதியாகக் கரியமில வாயுவையும் சாராயத்தையும் உண்டாக்கும். மூடிய பாட்டிலுக்குள் வாயுவுக்குப் போக வழி இல்லை. சர்க்கரை தீரும் வரை அழுத்தம் ஏறிக்கொண்டே போகும். ஆக, பாட்டில் வெடிக்குமா, பானம் மதுவாகிவிடுமா என்ற இரண்டு கேள்விக்கும் பதில் ஒரே இடத்தில் இருக்கிறது. எத்தனை கிராம் சர்க்கரை போட்டீர்கள் என்பதில்.

என் கணக்கு லிட்டருக்கு ஏழு கிராம். அதில் ஒரு துளி மிச்சமில்லாமல் நொதித்தாலும் சாராயத்தின் அளவு நூற்றுக்கு அரைப் பங்கைத் தொடாது. சுமார் 0.45 சதவீதம். உணவுப் பாதுகாப்புத் தர நிர்ணய ஆணையத்தின் விதிகள் 0.5 சதவீதத்துக்கு மேல் இருந்தால்தான் மதுபானம் என்கின்றன. அதே ஏழு கிராம் மிதமான, நாக்கில் சுருக்கென்று ஏறும் வாயுவையும் தரும். கடைச் சோடா அளவுக்குப் பொங்காது, ஆனால் சோடாதான். லெஸ்டர் பெரியவரும் பீரைப் பாட்டிலில் அடைக்கும்போது கடைசியாகச் சேர்க்கும் சர்க்கரை ஏறக்குறைய இதே அளவுதான் என்பதைப் பின்னால் யோசித்துப் பார்த்தபோதுதான் கண்டேன்.

ஆகவே முதல் செலவு தராசு. ஒரு கிராம் வரை காட்டும் மின்தராசு பாத்திரக்கடைகளில் கிடைக்கும், நான் 400 ரூபாய்க்குள் வாங்கினேன். வாங்கும் இடத்திலேயே சோதிக்க ஒரு வழி உண்டு. பத்து ரூபாய் நாணயம் ஒன்று எட்டு கிராமுக்குக் கொஞ்சம் குறைவு. பத்து நாணயங்களைச் சேர்த்து வைத்தால் 77 கிராம் பக்கம் காட்ட வேண்டும். 70 என்றோ 85 என்றோ காட்டினால் வேறு தராசு கேளுங்கள். தேக்கரண்டி போதாதா என்பார்கள். குவித்து அள்ளினால் ஒன்று, தட்டி அள்ளினால் ஒன்று. ஏழு கிராமில் இரண்டு மூன்று கிராம் தவறுவது பெரிய தவறு.

ஒரு கிராமுக்குக் கீழே இந்தத் தராசு காட்டாது, அதனால் பாட்டில் பாட்டிலாக நிறுக்காதீர்கள். ஐந்து லிட்டருக்கு 35 கிராம் ஒரே தடவையாக நிறுத்து, ஒரே பாத்திரத்தில் கரைத்து, அப்புறம் பாட்டில்களில் பிரித்து ஊற்றுங்கள். எல்லாப் பாட்டிலுக்கும் சமமாகப் போகும்.

இரண்டாவது, பாட்டில். இதற்குக் காசே வேண்டாம். கடையில் சோடாவோ கோலாவோ வந்த பிளாஸ்டிக் பாட்டில்தான் மிகச் சரியானது. அழுத்தம் தாங்கவே செய்யப்பட்டது, தாங்காமல் போனாலும் கண்ணாடிபோலச் சிதறாது. தண்ணீர் பாட்டில் வேண்டாம், அது மெல்லிசு. இன்னொரு பெரிய வசதி, கையால் அமுக்கிப் பார்க்கலாம். மூடும்போது மெத்தென்று இருக்கும் பாட்டில் வாயு சேரச் சேர விறைக்கும். கல்போல ஆனதும் குளிர்பெட்டிக்குள் வைத்துவிட வேண்டும். இதைவிட நல்ல அளவுமானி எந்தக் கடையிலும் கிடையாது.

வீட்டில் கோலி சோடா பாட்டில் இருக்கிறதே, அதில் ஊற்றலாமா என்று கேட்கிறவர்கள் உண்டு. 1872இல் இங்கிலாந்தில் ஹைரம் காட் என்பவர் காப்புரிமை பெற்ற பாட்டில் அது. உள்ளே இருக்கும் வாயுவே கோலியை மேலே தள்ளி, கழுத்தில் இருக்கும் ரப்பர் வளையத்தோடு ஒட்டவைத்து அடைத்துக்கொள்ளும். எவ்வளவு அழகான யோசனை! ஆனால் அதை அழுத்தத்தோடு, தலைகீழாகத் திருப்பி, இயந்திரத்தில்தான் நிரப்ப வேண்டும். வீட்டில் முடியாது.

மூன்றாவது, காய்ச்சவும் கரைக்கவும் ஒரு பாத்திரம். உங்கள் வீட்டு எவர்சில்வர் குண்டானே போதும். ஈயம் பூசாத பித்தளையில் புளிக்குழம்பு வைக்கக் கூடாது என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்களே, அதே விதி இங்கேயும். புளித்த பானம் செம்பையும் பித்தளையையும் அலுமினியத்தையும் அரிக்கும். வெண்கலக்கடைத் தெரு வழியாக நடந்தால் பளபளக்கும் செப்புப் பானையைப் பார்த்துக் கை நீளும், எனக்கும் நீளும். தண்ணீர் வைக்க வாங்குங்கள், இதற்கு வேண்டாம். பிளாஸ்டிக் வாளி வாங்கினால் அடியில் முக்கோணத்துக்குள் 2 அல்லது 5 என்ற எண்ணும், கிண்ணமும் முள்கரண்டியும் வரைந்த குறியும் இருக்கிறதா பாருங்கள். பெயின்ட் வந்த வாளி எவ்வளவு கழுவினாலும் ஆகாது. பிளாஸ்டிக்கைக் கம்பி நாரால் தேய்க்காதீர்கள். அந்தக் கீறல்களில் கிருமி குடியேறிவிடும்.

மண்பானை? கம்மங்கூழுக்கு அதைவிட நல்லது இல்லை, மானாமதுரைப் பானை இருந்தால் கொடுத்து வைத்தவர் நீங்கள். ஆனால் அதன் நுண்துளைகளில் பழைய புளிப்பு தங்கிக்கொள்ளும். கூழுக்கு அது நல்லது, சோடாவுக்கு நல்லதல்ல. சோடா வேலையில் பானைக்கு வேறு பயன் இருக்கிறது. அதைச் சொல்லும் முன் சுத்தம்.

கழுவுவது வேறு, கிருமி நீக்குவது வேறு. அழுக்கு இருக்கும் இடத்தில் கிருமிநாசினி வேலை செய்யாது என்பதை மருத்துவமனையில் முதல் நாளிலேயே சொல்லிக் கொடுப்பார்கள். குண்டான், கரண்டி, புனல் ஆகியவற்றைத் தேய்த்துக் கழுவி, கொதிக்கும் நீரில் முக்கி எடுங்கள். பிளாஸ்டிக் சோடா பாட்டிலில் மட்டும் கொதிநீர் ஊற்றக் கூடாது, சுருங்கிக் கோணிவிடும். சோடா தீர்ந்தவுடன் அலசி, நீர் வடித்து, மூடி வைத்த பாட்டிலாகப் பாருங்கள். வாரக்கணக்கில் திறந்து கிடந்ததைத் தூக்கிப் போடுங்கள். நீண்ட கைப்பிடி உள்ள பாட்டில் பிரஷ் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். அதுவும் புனலும் சேர்த்து நூறு ரூபாய் ஆகலாம். குழாய்த் தண்ணீரில் குளோரின் வாசம் இருந்தால் கொதிக்கவைத்து ஆறவிட்டால் போய்விடும். போர்த் தண்ணீர் உப்புக் கரித்தால் சோடாவும் கரிக்கும்.

செய்முறை சின்னதுதான். ஐந்து லிட்டர் தண்ணீரில் 125 கிராம் இஞ்சியைத் தட்டிப் போட்டுக் கொதிக்கவிட்டு வடிகட்டுங்கள். சர்க்கரை 35 கிராம், உப்பு ருசிக்கு. நன்றாக ஆறிய பிறகு, கையில் சூடு தெரியாத அளவுக்கு ஆறிய பிறகு, ரொட்டிக்குப் போடும் ஈஸ்ட் கால் தேக்கரண்டி. சூட்டில் போட்டால் ஈஸ்ட் செத்துவிடும். பாட்டிலில் கழுத்துக்குக் கீழே இரண்டு விரற்கடை இடம் விட்டு ஊற்றி, இலேசாக அமுக்கிக் காற்றை வெளியேற்றி மூடுங்கள். எலுமிச்சையைக் குடிக்கும்போது பிழியலாம். இனிப்பு வேண்டுமென்றாலும் தம்ளரில்தான், பாட்டிலில் கூடாது. சர்க்கரைத் தண்ணீருக்குப் பதில் திராட்சைச் சாறோ மாம்பழச் சாறோ ஊற்றிப் பார்க்கலாமா என்று தோன்றும். வேண்டவே வேண்டாம். பழச்சாறு ஒரு லிட்டரில் நூறு கிராமுக்கு மேலும் சர்க்கரை இருக்கும், கணக்கெல்லாம் கெட்டுவிடும்.

ஏர்லாக்கும் ஹைட்ரோமீட்டரும் இங்கே தேவையில்லை. வாரக்கணக்கில் நொதிப்பதற்குத்தான் அவை. நம் வேலை ஓரிரு நாள் வேலை.

மதுரை வெயிலைப் பற்றிச் சொல்லாவிட்டால் பேச்சு முடியாது. பீருக்கு இங்கிலாந்தில் 18 முதல் 22 டிகிரி என்று பார்த்துப் பார்த்து வைப்பார்கள். நம் அடுக்களை கத்திரி வெயிலில் 35ஐத் தாண்டும். மார்கழியில் இரண்டு நாள் எடுக்கும் பாட்டில் மே மாதத்தில் ஒரு நாளுக்குள் விறைத்துவிடும். இங்கேதான் மண்பானை. அகன்ற பானையில் ஈர மணல் போட்டு, அதில் பாட்டில்களைப் புதைத்து, மேலே நனைத்த துணி போர்த்தி, காற்று வரும் நிழலில் வையுங்கள். ஈரம் ஆவியாகும்போது சூட்டை இழுத்துக்கொண்டு போகும். லெஸ்டரில் அபூர்வமாக வெயில் அடித்த வாரங்களில் பெரியவர் தம் வாளிக்கு ஈர பனியன் மாட்டிவிடுவார், அதே வித்தைதான். வெயில் காலத்தில் நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை பாட்டிலை அமுக்கிப் பாருங்கள். வெளியூர் போகிற நாளில் சோடா போடாதீர்கள்.

விறைத்த பாட்டிலைக் குளிர்பெட்டியில் ஒரு நாள் நிறுத்தி வையுங்கள். வாயு நீரில் நன்றாகக் கரையும், ஈஸ்ட் அடியில் படியும். குலுக்காமல் ஊற்றினால் வண்டல் வராது. ஒரு வாரத்துக்குள் குடித்து முடிப்பது நல்லது. துளி அளவாவது சாராயம் இருக்கும் என்பதால் குழந்தைகளுக்கு நான் இதைக் கொடுப்பதில்லை. மதுவை அறவே தொடாதவர்களிடமும் சொல்லிவிட்டுத்தான் தம்ளரை நீட்டுவேன். அவர்களுக்கு எலுமிச்சை சர்பத்.

கால் தையல் பிரித்த பிறகு ஒரு வருடம் வரை அம்மா என்னை ஈஸ்ட் வாங்கவே விடவில்லை. தராசு வந்த பிறகுதான் சம்மதித்தார், அதுவும் கூடவே நின்று பார்ப்பேன் என்ற நிபந்தனையோடு. இப்போது பானைக்குள் கைவிட்டுப் பாட்டிலை முதலில் அமுக்கிப் பார்க்கிறவர் அவர்தான். "கல்லாயிருச்சு, எடுத்து உள்ளே வை" என்று கூப்பிடுவார். நான் எடுத்து வைப்பேன்.

வணக்கம்.