டிஎன்எஸ் பாதுகாப்புத் தீர்வு: வாங்கும் முன் சோதிப்பது எப்படி?

[திரை: ரிசால்வர் லாக் வேகமாக ஓடுகிறது. ஒரு வரி மட்டும் மஞ்சளாகி நிற்கிறது.]

ஓர் அலுவலகக் கணினி வெளியே எங்கே போவதாக இருந்தாலும் முதலில் அந்த இணையப் பெயருக்கு உரிய ஐபி முகவரியைக் கேட்கிறது. இந்தப் பெயர், முகவரி முறைதான் டிஎன்எஸ்; பதிலைத் தேடித் தரும் சர்வர்தான் ரிசால்வர். மின்னஞ்சல் திறந்தால் கேட்கிறது, அப்டேட் இறக்கினால் கேட்கிறது. உள்ளே புகுந்த மால்வேர் (தீங்கு செய்யும் மென்பொருள்) தன் கட்டுப்பாட்டு சர்வரைத் தேடும்போதும் பெரும்பாலும் இதே கேள்வியை இதே ரிசால்வரிடம்தான் கேட்கிறது. டிஎன்எஸ் பாதுகாப்புத் தீர்வு என்பது அந்த இடத்தில் நிற்கும் காவல். கேட்கப்படும் பெயரைப் பார்க்கும். ஆபத்தானது என்றால் உண்மையான பதிலைத் தராது.

இதை விற்க வருபவர்கள் காட்டும் டெமோ அநேகமாக ஒரே மாதிரி இருக்கும். தெரிந்த பத்து கெட்ட டொமைன்களை (இணையப் பெயர்களை) தட்டுவார்கள், பத்தும் தடுக்கப்படும். அந்தப் பத்தும் எல்லாருடைய பட்டியலிலும் இருப்பவை. அதனால் அந்த டெமோவை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. பட்டியலில் எத்தனை கோடிப் பெயர்கள் என்ற எண்ணிக்கையும் அப்படித்தான். உங்கள் நெட்வொர்க்கின் சொந்தக் கேள்விகளை வைத்துச் சோதித்தால்தான் ஒரு தீர்வு மற்றதிலிருந்து எங்கே வேறுபடுகிறது என்று தெரியும்.

[திரை: நாட்காட்டியில் 14 நாட்கள் நிறம் மாறுகின்றன.]

எனவே விற்பனையாளரை அழைக்கும் முன்பே இரண்டு வாரத்துக்கான டிஎன்எஸ் போக்குவரத்தைச் சேகரித்துவிடுங்கள். மாதக் கடைசி அதற்குள் வருவது நல்லது. சம்பளக் கணக்கு, பேக்கப், மாதாந்திர அறிக்கை போன்ற வேலைகள் அப்போதுதான் ஓடும். பைண்ட் என்ற டிஎன்எஸ் சர்வர் மென்பொருளில், கேள்விகளைப் பதிவு செய்யும் டிஎன்எஸ்டேப் வசதி போதும். விண்டோஸ் டிஎன்எஸ் சர்வரில் எல்லாவற்றையும் விவரமாக எழுதும் டீபக் லாகை (பதிவேட்டை) திறந்தே வைத்தால், பளு கூடும் நேரத்தில் சர்வரே மெதுவாகும். அங்கே சுவிட்சில் மிரர் போர்ட் (போக்குவரத்தின் நகலைத் தரும் இணைப்பு) வைத்துப் பாக்கெட்டைப் பிடிப்பது பாதுகாப்பு.

அதிலிருந்து எடுக்க வேண்டிய முதல் எண், ஒரு விநாடிக்கு வரும் கேள்விகளின் உச்சம். சராசரி இதற்குப் பயன்படாது. வார முதல் நாள் காலையில் எல்லாரும் ஒரே நேரத்தில் லாகின் செய்யும்போது வரும் எண்தான் வேண்டும். அடுத்தது, உள் ரிசால்வரைத் தாண்டி டிஎன்எஸ்ஸுக்கு உரிய 53-ஆம் போர்ட் வழியாக நேரடியாக வெளியே போகும் கருவிகளின் பட்டியல். கேமரா, பிரிண்டர், கூட்ட அறை டிவி என்று யாரும் எதிர்பார்க்காதவை அதில் இருக்கும். 8.8.8.8 என்ற கூகுளின் பொது ரிசால்வர் முகவரியைக் கருவிக்குள்ளேயே எழுதி வைத்திருப்பார்கள். ஃபயர்வாலில் இந்த வழியை மூடாதவரை, எவ்வளவு நல்ல தீர்வு வாங்கினாலும் அது இந்தக் கருவிகளைப் பார்க்கப்போவதில்லை.

[திரை: நூறு கணினிகள், நடுவில் ஒரு சர்வர், மேலே கிளவுட் ரிசால்வர்.]

இப்போது எல்லாவற்றையும்விட முக்கியமான கேள்வி: கேட்டது யார்?

பெரும்பாலான நிறுவனங்களில் கணினிகள் டொமைன் கன்ட்ரோலரிடம் (லாகின்களை நிர்வகிக்கும் உள் சர்வரிடம்) கேட்கும், கன்ட்ரோலர் கிளவுடில் இருக்கும் டிஎன்எஸ் பாதுகாப்புச் சேவைக்கு ஃபார்வர்டு செய்யும். கிளவுட் பார்ப்பது ஒரே ஓர் ஐபி முகவரியைத்தான். நள்ளிரவு ஒரு மணிக்குத் தீங்கான டொமைன் தடுக்கப்பட்டதாக எச்சரிக்கை வரும், மூலம் என்ற இடத்தில் அந்த ஒரே முகவரிதான் இருக்கும். தடுத்தாயிற்று. ஆனால் மால்வேர் இருக்கும் கணினி எது? அதைக் கண்டுபிடிக்க முடியாத எச்சரிக்கையால் யாருக்கும் உதவியில்லை. அந்தக் கணினி நாளைக்கு வேறு பெயரைக் கேட்கும், அது தடுக்கப்படாமல் போகலாம்.

இதற்கு இரண்டு வழி உண்டு. கணினிகளுக்கும் வெளி உலகுக்கும் நடுவில், கேட்டவரின் உள் ஐபியைக் குறித்து அனுப்பும் ஃபார்வர்டர் ஒன்றை வைக்கலாம். அல்லது ஒவ்வொரு கணினியிலும் ஏஜென்ட் (தீர்வின் சிறு மென்பொருள்) நிறுவலாம். ஃபார்வர்டர் தருவது ஐபிதான். டிஹெச்சிபி (கருவிகளுக்கு ஐபி ஒதுக்கும் சேவை) லாகோடு பொருத்தினால்தான் அது கருவியின் பெயராகும். ஏஜென்ட் பயனர் பெயர்வரை தரும், ஆனால் பிரிண்டரிலும் கேமராவிலும் அதை நிறுவ முடியாது. பொதுவாக இரண்டும் தேவைப்படும். சோதனையில் ஒரு கணினியிலிருந்து தடைசெய்யப்பட்ட பெயரைக் கேளுங்கள், கடிகாரத்தைப் பாருங்கள். எச்சரிக்கையிலிருந்து அந்தக் கணினி இருக்கும் மேசைவரை போய்ச்சேர எத்தனை நிமிடம் ஆகிறது? விலைப்பட்டியலை ஒப்பிடுவதைவிட இந்த ஓர் எண்ணை ஒப்பிடுவது பயனுள்ளது.

[திரை: நீளமான துணைப்பெயர் துண்டு துண்டாகப் பிரிகிறது.]

அடுத்தது கண்டறியும் திறன். பட்டியலில் இல்லாததைத் தீர்வு கண்டுபிடிக்கிறதா என்று பார்க்க டனலிங் (டிஎன்எஸ் கேள்விக்குள் தகவலை ஒளித்துக் கடத்துவது) சோதனை சிறந்தது.

டிஎன்எஸ் பெயரில் இரண்டு புள்ளிகளுக்கு நடுவே 63 எழுத்துகள்வரை வரலாம், முழுப் பெயர் 253 எழுத்துகள்வரை போகலாம். திருடிய தகவலை எழுத்துகளாக மாற்றித் துணைப்பெயராக (டொமைனுக்கு முன்னால் வரும் பகுதியாக) வைத்தால், ஒரு கேள்வியில் சுமார் 140 பைட் வெளியே போகும். நிமிடத்துக்கு ஒரு கேள்வி என்றால் நாளைக்கு 1,440 கேள்விகள், ஏறத்தாழ இரண்டு லட்சம் பைட். சில ஆயிரம் பயனர்களின் பாஸ்வேர்ட் ஹேஷ்களுக்கு (பாஸ்வேர்டிலிருந்து கணக்கிட்ட குறிகளுக்கு) அதுவே போதும்.

சோதனைக்கென்று ஒரு டொமைன் பதிவு செய்து, அதன் நேம்சர்வரை (அந்த டொமைன் பற்றிய கேள்விகளுக்குப் பதில் தரும் சர்வரை) உங்கள் கட்டுப்பாட்டில் வையுங்கள். அயோடின், டிஎன்எஸ்கேட்2 ஆகிய இரண்டு டனலிங் கருவிகளும் இலவசம். முழு வேகத்தில் ஓட்டினால் ஏறக்குறைய எல்லாத் தீர்வும் சில நிமிடங்களில் பிடித்துவிடும். அதோடு டெமோ முடிந்துவிடும். நீங்கள் அங்கே நிறுத்தாமல், நிமிடத்துக்கு ஒரு கேள்வி, துணைப்பெயர் 30 எழுத்துக்குள், உரையைக் கேட்கும் டிஎக்ஸ்டி வகைக்குப் பதில் ஐபி முகவரியைக் கேட்கும் சாதாரண ஏ வகை என்று மாற்றி இரண்டு நாள் விடுங்கள். குறுகிய நேரத்தில் வரும் கேள்விகளை மட்டும் எண்ணும் தீர்வு இதைத் தவறவிடும். ஒரு டொமைனின் கீழ் நாள்கணக்கில் எத்தனை வெவ்வேறு துணைப்பெயர்கள் வந்தன என்று கணக்கு வைக்கும் தீர்வுதான் பிடிக்கும்.

மால்வேர் தன் கட்டுப்பாட்டு சர்வரைத் தேட அல்காரிதத்தால் உருவாக்கும் பெயர்களையும் சோதியுங்கள். கான்ஃபிக்கர் புழு 2008-இல் வந்தபோது நாளுக்கு 250 டொமைன் பெயர்களை உருவாக்கியது. அடுத்த ஆண்டு வந்த வடிவம் நாளுக்கு 50,000. இவற்றில் பெரும்பாலானவை பதிவே ஆகாத பெயர்கள் என்பதால் "அப்படி ஒரு பெயர் இல்லை" என்ற பதில்கள் குவியும். அந்தக் குவியல்தான் அடையாளம். சில மால்வேர்கள் அர்த்தமற்ற எழுத்துகளைவிட்டு அகராதிச் சொற்களை ஒட்டிப் பெயர் உண்டாக்குகின்றன. எழுத்துகள் எவ்வளவு சிதறியிருக்கின்றன என்பதை மட்டும் அளக்கும் தீர்வு அங்கே தோற்கும். இரண்டு வகையிலும் சில நூறு பெயர்களைச் சிறு ஸ்கிரிப்ட் எழுதி அனுப்பிப் பாருங்கள்.

புதிதாகப் பதிவான டொமைன்களைத் தடுக்கும் வசதியைப் பெரிதாகச் சொல்வார்கள். நல்ல வசதிதான், போட்டு வையுங்கள். ஆனால் 2020 டிசம்பரில் வெளிச்சத்துக்கு வந்த, சோலார்விண்ட்ஸ் மென்பொருள் வழியாக நடந்த சன்பர்ஸ்ட் தாக்குதலில் பயன்பட்டது முன்கூட்டியே பதிவு செய்து வைத்திருந்த டொமைன். பாதிக்கப்பட்ட நிறுவனத்தின் பெயரையே துணைப்பெயருக்குள் ஒளித்து அனுப்பியது அந்த மால்வேர். அங்கே இந்த விதி உதவியிருக்காது.

[திரை: தடுக்கப்பட்ட கேள்வி மூன்று வழிகளாகப் பிரிகிறது.]

தடுக்கும்போது என்ன பதில் தருகிறது? பெயர் இல்லை என்று சொல்லலாம், தடைப் பக்கத்துக்கு அனுப்பலாம், அல்லது தொடர்பை வாங்கிப் பதிவு செய்யும் சிங்க்ஹோல் முகவரியைத் தரலாம். தடைப் பக்கம் எச்டிடிபிஎஸ் தளங்களில் சான்றிதழ் பிழையாகத்தான் தெரியும்; பயனர் குழம்பி உதவி மையத்துக்கு அழைப்பார்.

டொமைன்வாரியாகப் பதிலை மாற்ற முடிகிறதா என்று அவசியம் பாருங்கள். 2017 மே மாதம் வானாக்ரை என்ற பணம் பறிக்கும் மால்வேர் பரவியபோது, அது ஒரு குறிப்பிட்ட டொமைனைத் தொட்டுப் பார்த்தது. பதில் வந்தால் தானே நின்றுவிடும், வராவிட்டால் கோப்புகளைப் பூட்டும். கெட்ட டொமைன் என்று அந்தப் பெயரைத் தடுத்த இடங்களில் அந்தத் தடையே தீங்காக முடிந்தது.

தடை முழுமையானதா என்பதும் தனியாகச் சோதிக்க வேண்டியது. டிஎன்எஸ் கேள்வி அனுப்பும் டிக் கட்டளையால் தடுக்கப்பட்ட ஒரு பெயரை ஏ வகையில் கேளுங்கள், ஐபிவி6 முகவரிக்கான ஏஏஏஏ வகையில் கேளுங்கள், பிறகு 65-ஆம் வகையான எச்டிடிபிஎஸ் ரெக்கார்டையும் கேளுங்கள். இந்த மூன்றாவது வகையில் ஐபி முகவரிக் குறிப்பு சேர்ந்தே வரலாம். ஏ வகையை மட்டும் மாற்றும் தீர்வில் அது கசியும். நல்ல பெயர் ஒன்றை சிநேம் (ஒரு பெயரை இன்னொரு பெயருக்குத் திருப்பும் ரெக்கார்டு) வழியாகக் கெட்ட பெயருக்குத் திருப்பி, சங்கிலியின் நடுவையும் பார்க்கிறதா என்று சோதியுங்கள்.

இன்னொன்று எளிதில் கண்ணில் படாது. ஆர்பிஇசட் என்ற கொள்கை மண்டலம் (தடை விதிகளின் பட்டியல்) வைத்து பைண்ட் தடுக்கும்போது, கேட்பவர் டிஎன்எஸ்செக் (பதில் போலியல்ல என்று கையொப்பத்தால் உறுதிசெய்யும் முறை) விவரமும் கேட்டு, அந்த டொமைன் கையொப்பமிடப்பட்டதாகவும் இருந்தால், இயல்பு அமைப்பில் தடை செயல்படாது. பிரேக்-டிஎன்எஸ்செக் என்ற அமைப்பை இயக்கினால்தான் செயல்படும். எனவே டிக் கட்டளையில் டிஎன்எஸ்செக் விருப்பத்தைச் சேர்த்து ஒரு தடவை கேட்டுவிடுங்கள். அதே கையோடு, வேண்டுமென்றே உடைந்த கையொப்பத்தோடு வைக்கப்பட்டிருக்கும் டிஎன்எஸ்செக்-ஃபெயில்டு டாட் ஆர்க் என்ற பெயரையும் கேளுங்கள். சர்வ்ஃபெயில் என்ற பிழை வந்தால் ரிசால்வர் கையொப்பத்தைச் சரிபார்க்கிறது. ஐபி முகவரி வந்தால் சரிபார்க்கவில்லை.

[திரை: 53, 853, 443 என்று மூன்று கதவுகள்.]

சுற்றிப்போகும் வழிகள். 53-ஐ ஃபயர்வாலில் மூடலாம். டிஎல்எஸ் என்ற மறையாக்கத்தின் மேல் போகும் டிஎன்எஸ்ஸுக்கு 853 என்ற தனிப் போர்ட் உண்டு, அதையும் மூடலாம். சிக்கல் 443-இல். 2018-இல் தரநிலையாக்கப்பட்ட டிஓஎச் (எச்டிடிபிஎஸ் வழியாகப் போகும் டிஎன்எஸ்) சாதாரண வலைப் போக்குவரத்தோடு கலந்து ஓடுகிறது. தெரிந்த டிஓஎச் சர்வர்களின் பெயரையும் ஐபியையும் தடுக்க வேண்டும், நிர்வகிக்கும் உலாவிகளில் கொள்கை மூலம் டிஓஎச்சை அணைக்க வேண்டும். யூஸ்-அப்ளிகேஷன்-டிஎன்எஸ் டாட் நெட் என்ற பெயருக்கு உங்கள் ரிசால்வர் "இல்லை" என்றால் ஃபயர்பாக்ஸ் தானாக டிஓஎச்சுக்கு மாறாது. பயனரே கையால் இயக்கியிருந்தால் ஃபயர்பாக்ஸ் இதைப் பொருட்படுத்தாது, அதற்குக் கொள்கைதான் வழி. டிஎன்எஸ்ஸே கேட்காமல் ஐபியை நேரடியாகத் தொடும் மால்வேரை எந்த டிஎன்எஸ் தீர்வும் பார்க்காது. பார்க்கும் என்று யாராவது சொன்னால், எப்படி என்று கேளுங்கள்.

[திரை: பச்சை டிக் குறிகளுக்கு நடுவே சில சிவப்பு.]

தவறான தடைகளைக் கண்டுபிடிக்க, நீங்கள் சேகரித்த இரண்டு வார லாகில் உள்ள தனித்த பெயர்களை முழுவதும் புதிய தீர்வு வழியாக ஓட்டுங்கள். தடுக்கப்படுபவற்றை ஒருவர் உட்கார்ந்து பார்க்க வேண்டும். ஆன்ட்டிவைரஸ் மென்பொருள்கள் கோப்பின் ஹேஷை துணைப்பெயராக வைத்துக் கேட்பதுண்டு. அது டனல் போலவே தெரியும்.

மின்னஞ்சல் சர்வரைத் தனியாகக் கவனியுங்கள். ஸ்பேம் தடுப்புப் பட்டியல்கள் டிஎன்எஸ் வழியாகத்தான் இயங்குகின்றன. பலர் பகிரும் ரிசால்வர் வழியாகக் கேட்டால் ஸ்பாம்ஹாஸ் என்ற பட்டியல் சேவை சாதாரண பதில் தராது, 127.255.255.254 என்ற பிழைக் குறியைத் தரும். 127 என்று தொடங்கும் எந்தப் பதிலையும் "பட்டியலில் உண்டு" என்று எடுத்துக்கொள்ளும் மெயில் சர்வர், அன்றிலிருந்து நல்ல கடிதங்களையும் திருப்பி அனுப்பும். மெயில் சர்வருக்கு மட்டும் சொந்தமாக ஒரு ரிசால்வர் வைத்தால் இது வராது.

ஏஜென்ட் போட்ட மடிக்கணினிகளில் உள் டொமைன்களின் பட்டியலைச் சரியாகக் கொடுக்காவிட்டால், ஆக்டிவ் டைரக்டரி (விண்டோஸ் லாகின் சேவை) சர்வரைத் தேடும் எஸ்ஆர்வி வகைக் கேள்விகள் கிளவுடுக்குப் போகும். லாகின் நிமிடக்கணக்கில் இழுக்கும். 10, 172.16, 192.168 என்ற உள் ஐபி வரிசைகளின் தலைகீழ் மண்டலங்களையும் (ஐபியிலிருந்து பெயரைத் தேடும் பகுதிகளையும்) அந்தப் பட்டியலில் சேருங்கள். பலர் விட்டுவிடுவது அதைத்தான்.

[திரை: கேபிள் பிடுங்கப்படுகிறது.]

கடைசியாகச் செயலிழப்புச் சோதனை. வேலை நேரத்தில், அறிவித்துவிட்டு, முதன்மை ஃபார்வர்டரை அணையுங்கள். லினக்ஸ் இயல்பாக 5 விநாடி காத்திருந்துதான் அடுத்த சர்வரைக் கேட்கும். ஒரு பக்கத்துக்கு இருபது பெயர் தேவைப்படும் செயலி அந்த நேரத்தில் செத்துப்போனது போலவே இருக்கும். இதற்குப் பயந்து டிஹெச்சிபியில் இரண்டாவது சர்வராகப் பொது ரிசால்வரைப் போடுகிறவர்கள் அதிகம். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். முதன்மை ஒரு கணம் தாமதித்தாலும் கணினி இரண்டாவதற்குப் போகும், வடிகட்டல் இல்லாமல் பதில் வாங்கும், உங்களுக்கு எச்சரிக்கையும் வராது. இரண்டாவதும் அதே கொள்கையுள்ள, வேறு இடத்தில் நிற்கும் ஃபார்வர்டராக இருக்க வேண்டும்.

தாமதத்தை ஒவ்வொரு கிளையிலிருந்தும் அளவிடுங்கள். சராசரியோடு நிற்காமல், நூற்றில் 99 கேள்விகள் எத்தனை மில்லிவிநாடிக்குள் முடிகின்றன என்று பாருங்கள். லாக் சேமிப்புக்கும் கணக்குப் போடுங்கள்: 2,000 கருவிகள், ஒவ்வொன்றும் நாளுக்கு 4,000 கேள்வி என்றால் 80 லட்சம் வரிகள். வரிக்கு 200 பைட் வைத்தால் நாளுக்கு 1.6 ஜிபி, 90 நாளுக்கு 144 ஜிபி. இது யார் எங்கே போனார்கள் என்ற பதிவு. அதை யார் பார்க்கலாம் என்பதை முன்பே எழுதி வையுங்கள்.

எல்லாம் திருப்தி என்றால் இரண்டு வாரம் கண்காணிப்பு நிலையில் மட்டும் ஓட்டுங்கள். பிறகு ஒரே ஒரு துறையில் தடையை இயக்குங்கள். அதற்கு முன் தடைப் பதிலின் டிடிஎல் (பதிலை நினைவில் வைத்திருக்கும் விநாடிகள்) எவ்வளவு என்று பாருங்கள். அது 3,600 என்று இருந்தால், தவறாகத் தடுத்த பெயரை நீங்கள் உடனே விடுவித்தாலும் பயனரின் கணினி ஒரு மணி நேரம்வரை பழைய தடையையே பிடித்துக்கொண்டிருக்கும். அறுபது விநாடிக்குக் குறைத்துவிட்டுத் தொடங்குங்கள்.