சாலி வைட்டின் 32 டாலர்

நேயர்களுக்கு வணக்கம். சென்னையில் பெரிய ஓட்டல்களில் இருபத்திரண்டு வருடம் ஹவுஸ்கீப்பிங் வேலை பார்த்தவள் நான். அறை சுத்தம் செய்யும் பெண்ணாகச் சேர்ந்து, சூப்பர்வைசராக ஓய்வு பெற்றேன். அமெரிக்காவில் பேய் இருப்பதாகச் சொல்லப்படும் ஓட்டலில் தங்கிவிட்டு வந்திருக்கிறீர்களாமே, அதைப் பற்றிப் பேசுங்கள் என்று நிலையத்தார் அழைத்தார்கள்.

டெக்சஸ் மாநிலத்தில் சான் அன்டோனியோ என்ற ஊர். அதன் நடுமையத்தில் இருக்கிறது மெங்கர் ஓட்டல். ஆஸ்டினில் இருக்கும் என் மகன் காரில் கூட்டிக்கொண்டு போனான். வாசலில் இறங்கினால் பக்கத்திலேயே அலாமோ, கோட்டையாகப் பயன்பட்ட பழைய கிறிஸ்தவ மடம். 1836 மார்ச் 6 அன்று, பதின்மூன்று நாள் முற்றுகைக்குப் பிறகு மெக்சிகோ படை அந்த இடத்தைப் பிடித்தது. உள்ளே இருந்து சண்டையிட்டவர்கள் ஏறக்குறைய எல்லோரும் மாண்டார்கள். அது நடந்து இருபத்து மூன்றே வருடத்தில், 1859இல், வில்லியம் மெங்கர் என்ற ஜெர்மானியர் இந்த ஓட்டலைத் திறந்தார். பீர் காய்ச்சும் தொழில் செய்தவர். இவ்வளவு பேர் செத்த இடத்துக்குப் பக்கத்தில் கட்டிய கட்டடம், நூற்று அறுபது வருடத்துக்கு மேலாக ஆட்கள் வந்து போகும் இடம் என்றால் பேய்க்கதைக்குக் கேட்கவா வேண்டும்?

கதைகள் நிறைய. பின்னாளில் அமெரிக்க ஜனாதிபதியான தியோடர் ரூஸ்வெல்ட் 1898இல் தன் குதிரைப்படைக்கு ஆள் சேர்த்தது இந்த ஓட்டலின் மதுக்கூடத்தில்தான். அவர் இன்னும் அங்கே வந்து உட்காருகிறார் என்பார்கள். பெரிய பண்ணைக்காரர் ரிச்சர்ட் கிங் 1885இல் இங்கேதான் இறந்தார். அவரும் தன் அறையை விட்டுப் போகவில்லையாம். இவர்களுக்கெல்லாம் தனித்தனியே வரலாறு இருக்கிறது, புத்தகங்கள் இருக்கின்றன. என் மனம் அவர்களிடம் நிற்கவில்லை.

சாயங்காலம் அலாமோ எதிரே பேய்ச் சுற்றுலா கிளம்பும். பத்துப் பதினைந்து பேர், முன்னால் ஒரு வழிகாட்டி. நாங்களும் போனோம். ஓட்டலைக் காட்டி அவர் சொன்னார்: ராத்திரியில் பழைய கட்டடத்தின் நடையில் ஒரு பெண் போவாள், நீளமான சாம்பல் நிறப் பாவாடை, நெற்றியில் கட்டிய துணி, கை நிறையத் துவைத்த துண்டுகள், அந்தத் துண்டுகளை அவள் எந்த அறையிலும் கொண்டுபோய்க் கொடுப்பதே இல்லை. கூட்டத்தில் ஒரு பிள்ளை தாயை இறுக்கிப் பிடித்துக்கொண்டது. எனக்கு வேறு மாதிரி சுருக்கென்றது. துண்டு தூக்கிக்கொண்டு நடையில் போவதுதானே நான் பார்த்த வேலை. ஒரு பெண் செத்த பிறகுமா அந்த வேலை முடியவில்லை என்று தோன்றியது.

அவள் பெயர் சாலி வைட். இந்த ஓட்டலின் பணிப்பெண், கறுப்பினத்தவள். 1876 மார்ச் 28 அன்று கணவன் அவளைத் துப்பாக்கியால் சுட்டான். இரண்டு நாள் உயிர் ஊசலாடி, 30ஆம் தேதி இறந்தாள். டெக்சஸில் அடிமைகளுக்கு விடுதலை என்று அறிவித்தது 1865 ஜூன் 19இல். அதாவது, கூலி வாங்கி வேலை செய்யும் உரிமை அவள் சனங்களுக்குக் கிடைத்துப் பதினோரு வருடம்கூட நிறையவில்லை.

இது எப்படித் தெரிகிறது என்றால், ஓட்டலின் கணக்குப் புத்தகத்தில் ஒரு பதிவு. அவள் பெயர், பணிப்பெண், கணவன் கையால் கொலையுண்டவள், சுட்ட நாள், செத்த நாள். பிறகு சவப்பெட்டிக்கு 25 டாலர், குழிக்கு 7 டாலர், ஆக மொத்தம் 32. மற்றச் செலவுகளை எழுதுகிற மாதிரியே எழுதியிருக்கிறார்கள். வயது இல்லை. பிள்ளை குட்டி இருந்ததா என்று இல்லை. ஆனாலும் அந்தச் செலவை ஓட்டல் ஏற்றுக்கொண்டது. மெங்கர் 1871இல் இறந்துவிட, அவர் மனைவி மேரிதான் அப்போது ஓட்டலை நடத்தி வந்தார்.

அந்தக் கணக்கைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் என்னோடு வேலை பார்த்த ஒரு அக்கா ஞாபகத்துக்கு வருகிறார். ஒன்பது வருடம் ஒரே மாடியில் இருவரும் டிராலி தள்ளியிருக்கிறோம். மஞ்சள் காமாலையில் போய்விட்டார். ஒப்பந்தத் தொழிலாளி என்பதால் நிர்வாகத்திலிருந்து ஒரு மாலைகூட வரவில்லை. லாண்டரிக்காரர்கள், லிஃப்ட் தம்பி, சமையலறைப் பையன்கள் எல்லோரும் போட்ட பணத்தில்தான் காரியம் நடந்தது. அந்த அக்காவின் பெயர் எந்தப் புத்தகத்திலும் இருக்காது. 32 டாலரைக் கொஞ்சம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பேயைப் பார்த்தீர்களா என்று எல்லோரும் கேட்கிறார்கள். ராத்திரி சத்தம் கேட்டது உண்மைதான். சுவருக்குள் டக் டக்கென்று தட்டுகிற மாதிரி. மேல்மாடியில் யாராவது சுடுதண்ணீரை மூடினால், சூடாகி நீண்ட குழாய் ஆறும்போது சுருங்கிப் பிடிப்புகளில் உரசும். பழைய ஓட்டல்களில் இது சகஜம். நடையில் காற்றழுத்தம் மாறினால் சரியாகத் தாழ் விழாத கதவு தானே ஆடும். இதற்காக விருந்தாளிகள் அலறியடித்துக் கூப்பிட, நடுராத்திரியில் எத்தனை தடவை ஓடியிருக்கிறேன்! பார்த்தோம் என்று சொல்கிறவர்களோடு நான் வாதாட மாட்டேன். அவர்கள் சொல்வதால்தான் அவள் பெயரே என் காதுவரை வந்தது. ஒன்றுதான் என் மனக்குறை: சுட்டது கணவன் என்பதை வழிகாட்டிகள் ஒரு வாக்கியத்தில் தாண்டிவிட்டு, பாவாடையின் நிறத்தை ஐந்து நிமிடம் சொல்கிறார்கள்.

இடையில் ஒரு சந்தோஷமும் உண்டு. அந்த ஓட்டலின் பேர்பெற்ற பண்டம் மாம்பழ ஐஸ்கிரீம்! வாயில் வைத்ததும் நம் ஊர் மே மாதம் வந்துவிட்டது.

காலையில் அறையைக் காலி செய்யும்போது கை தானாகப் படுக்கையை மடித்து நேராக்கப் போனது. நிறுத்திக்கொண்டேன். விருந்தாளி படுக்கையை அழகாக விரித்து வைத்தால் வேலைக்கு வருகிறவள் அதை மறுபடி பிரிக்க வேண்டும், அவளுக்கு இரட்டை வேலை. விரிப்பு, தலையணை உறை எல்லாவற்றையும் உருவி ஒரே மூட்டையாகக் கட்டினேன். ஈரத் துண்டுகளைப் பொறுக்கிக் குளியல் தொட்டிக்குள் குவித்தேன். மேசையில் ஒரு சீட்டும் கொஞ்சம் பணமும் வைத்தேன். சீட்டில் என் பெயரை எழுதி, கீழே ஹவுஸ்கீப்பிங், சென்னை என்று எழுதினேன்.