யாக்கோபின் சகோதரர்: பைபிளுக்கு வெளியே இயேசு

பெரியோர்களே, நண்பர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

பைபிளை மூடி வைத்துவிட்டு, இயேசு என்று ஒருவர் வாழ்ந்தார் என்று சொல்ல முடியுமா? இன்றைக்கு நான் பேச வேண்டிய கேள்வி இதுதான். நான் ஒரு கிறிஸ்தவன். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அதனாலேயே எனக்குப் பொறுப்பு கூடுதல். பலவீனமான சான்றை, எனக்குப் பிடித்திருக்கிறது என்பதற்காகப் பலமானது என்று உங்கள் முன் வைக்கக் கூடாது.

இந்தத் தலைப்பில் பேசுகிறவர்கள் வழக்கமாக ஒரு பெரிய பத்தியில் ஆரம்பிப்பார்கள். நான் ஒரு சின்ன வரியில் ஆரம்பிக்கிறேன். என் கணக்கில் நம்மிடம் இருப்பதிலேயே உறுதியான சான்று அந்த வரிதான்.

கி.பி. 62ஆம் ஆண்டு. யூதேயாவின் ரோம ஆளுநர் பெஸ்து இறந்துவிட்டார். பேரரசர் நீரோ, அல்பினுஸ் என்பவரைப் புதிய ஆளுநராக அனுப்புகிறார். அவர் இன்னும் வந்து சேரவில்லை. எருசலேமில் அப்போது தலைமைக் குருவாக இருந்தவர் அனனுஸ். சுவிசேஷங்களில் அன்னா என்று வருகிறாரே, அவருடைய மகன். ஆளுநர் இல்லாத இந்த இடைவெளியை அனனுஸ் பயன்படுத்திக்கொண்டார். நீதிபதிகளின் சபையைக் கூட்டி, ஒருவரையும் அவரோடு வேறு சிலரையும் கொண்டுவந்து நிறுத்தி, நியாயப்பிரமாணத்தை மீறினார்கள் என்று குற்றம் சாட்டி, கல்லெறிந்து கொல்ல ஒப்புக்கொடுத்தார்.

ஊரில் நியாயவான்கள் என்று பெயர் எடுத்தவர்களுக்கே இது பொறுக்கவில்லை. சிலர் அகிரிப்பா மன்னருக்கு ரகசியமாக ஆள் அனுப்பினார்கள். சிலர் அலெக்சாந்திரியாவிலிருந்து வந்துகொண்டிருந்த அல்பினுஸை வழியிலேயே சந்தித்து, ‘உங்கள் சம்மதம் இல்லாமல் சபையைக் கூட்ட இவருக்கு அதிகாரம் கிடையாது’ என்று முறையிட்டார்கள். அல்பினுஸ் கோபமாகக் கடிதம் எழுதினார். மூன்றே மாதம் பதவியில் இருந்த அனனுஸை அகிரிப்பா நீக்கிவிட்டு, தம்னேயு என்பவரின் மகனைத் தலைமைக் குருவாக்கினார்.

இதை எழுதியவர் யோசேபஸ் என்கிற யூத வரலாற்றாசிரியர். எருசலேமில் குருக்கள் குடும்பத்தில் கி.பி. 37 வாக்கில் பிறந்தவர். இந்தச் சம்பவம் நடந்தபோது அவருக்கு 25 வயது இருக்கும். தன் சொந்த ஊரில், தன் சொந்த வகுப்பாரிடையே நடந்த பதவிச் சண்டையைத்தான் எழுதுகிறார். ‘யூதர்களின் தொன்மை வரலாறு’ என்ற நூலின் 20ஆம் புத்தகத்தில் இது வருகிறது. கி.பி. 93, 94 வாக்கில் ரோமில் உட்கார்ந்து எழுதி முடித்த நூல்.

சரி, கொல்லப்பட்ட அந்த மனிதர் யார்? யோசேபஸ் சொல்கிறார்: ‘கிறிஸ்து எனப்படும் இயேசுவின் சகோதரர், யாக்கோபு என்று பெயர்.’ அவ்வளவுதான். இயேசுவைப் பற்றி மேற்கொண்டு ஒரு வார்த்தையும் இல்லை. அவர் கவனமெல்லாம் அனனுஸ் மேல் இருக்கிறது. யாக்கோபு என்ற பெயரில் பலர் இருந்ததால், இவர் எந்த யாக்கோபு என்று அடையாளம் காட்ட வேண்டியிருந்தது. அதற்காகப் போகிற போக்கில் சகோதரரின் பெயரைச் சொல்கிறார். அந்தச் சகோதரரை வாசகர்கள் கேள்விப்பட்டிருப்பார்கள் என்று நினைக்கிறார்.

இந்த வரியைக் கிறிஸ்தவர்கள் பின்னால் செருகியிருக்கலாமே என்று கேட்பது நியாயமான கேள்வி. செருகுகிறவர் ‘கிறிஸ்து எனப்படும்’ என்று ஒதுங்கி நின்று எழுத மாட்டார். கிறிஸ்து என்றே எழுதுவார். அதோடு, யாக்கோபின் மரணத்தைப் பற்றி இரண்டாம் நூற்றாண்டுக் கிறிஸ்தவரான எகேசிப்பு சொன்ன கதை வேறு மாதிரி: ஆலயத்தின் உச்சியிலிருந்து தள்ளினார்கள், கல்லெறிந்தார்கள், கடைசியில் தடியால் அடித்துக் கொன்றார்கள் என்று அவர் சொல்கிறார். கிறிஸ்தவர் ஒருவர் யோசேபஸின் நூலில் கைவைத்திருந்தால் தன் மக்களுக்குத் தெரிந்த கதையைத்தான் எழுதியிருப்பார். மூன்றாம் நூற்றாண்டின் முற்பாதியில், அதாவது கிறிஸ்தவம் அரசாங்கத்தின் ஆதரவைப் பெறுவதற்கு வெகு முன்பே, ஒரிகன் என்ற கிறிஸ்தவ அறிஞர் ‘கிறிஸ்து எனப்படும் இயேசுவின் சகோதரர்’ என்ற இதே சொற்றொடரை யோசேபஸின் பெயரோடு சேர்த்து எடுத்துக்காட்டுகிறார்.

இன்னொரு எதிர்வாதமும் உண்டு. அனனுஸுக்குப் பின் பதவிக்கு வந்த தம்னேயுவின் மகனுக்கும் இயேசு என்றுதான் பெயர். யாக்கோபு அந்த இயேசுவின் தம்பியாக இருக்கலாம், ‘கிறிஸ்து எனப்படும்’ என்பதை மட்டும் யாரோ சேர்த்துவிட்டார்கள் என்கிறார்கள் சிலர். யோசித்துப் பார்க்க வேண்டிய வாதம்தான். ஆனால் தம்னேயுவின் மகனைப் பற்றிய பேச்சு பின்னால்தான் வருகிறது. ஓர் ஆளை முதன்முதலில் அறிமுகப்படுத்தும்போது இன்னாரின் மகன் என்று சொல்லாமல் விட்டு, அடுத்து வரும்போது சொல்வது சரியாகப் பொருந்தவில்லை. எனக்கு அந்த விளக்கம் ஒட்டவைத்ததாகவே தெரிகிறது.

அப்புறம், பவுல் கலாத்தியருக்கு எழுதிய நிருபத்தில், எருசலேமுக்குப் போய் ‘ஆண்டவரின் சகோதரர் யாக்கோபைக்’ கண்டதாகச் சொல்கிறார். நம் தலைப்பு பைபிளுக்கு வெளியே என்பதால் அதற்குள் போகவில்லை. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு பேனாக்கள் ஒரே சகோதரரைச் சுட்டுகின்றன என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். சகோதரர் என்பதை உடன்பிறப்பு என்று எடுப்பதா, நெருங்கிய உறவினர் என்று எடுப்பதா என்பதில் சபைகளுக்குள் வேறுபாடு உண்டு. எப்படி எடுத்தாலும், கற்பனையில் பிறந்த ஒருவருக்கு எருசலேம் தெருவில் நடமாடிய உறவினர் இருக்க முடியாது.

இப்போது அந்தப் பெரிய பத்திக்கு வருகிறேன். அதே நூலின் 18ஆம் புத்தகத்தில் இருக்கிறது. இயேசு ஒரு ஞானி, வியப்பான செயல்களைச் செய்தவர், நம் மக்களின் தலைவர்கள் குற்றம் சாட்டப் பிலாத்து அவரைச் சிலுவைக்கு ஒப்புக்கொடுத்தார், அவர் பெயரால் கிறிஸ்தவர் எனப்படும் கூட்டம் இன்றுவரை மறைந்துவிடவில்லை என்கிறது அது. இதோடு நின்றிருந்தால் சிக்கலே இல்லை. ‘அவரை மனிதர் என்று சொல்லலாமானால்’, ‘அவரே கிறிஸ்து’, ‘மூன்றாம் நாள் உயிரோடு தோன்றினார்’ என்ற தொடர்களும் அதில் இருக்கின்றன. இவற்றை யூதராகவே வாழ்ந்து முடிந்த ஒருவர் எழுதியிருக்க முடியாது. யோசேபஸ் இயேசுவைக் கிறிஸ்துவாக ஏற்கவில்லை என்று ஒரிகனே தெளிவாகச் சொல்கிறார். இந்தப் பத்தியை முழுதாக நமக்குக் காட்டுகிற முதல் ஆள் நான்காம் நூற்றாண்டுக் கிறிஸ்தவ எழுத்தாளர் எவுசேபியு. யோசேபஸ் ஏதோ எழுதியிருந்தார், பின்னால் கிறிஸ்தவக் கை ஒன்று மெருகேற்றிவிட்டது என்பது பெரும்பாலான ஆய்வாளர்களின் கருத்து. முழுவதுமே செருகல் என்பவர்களும் இருக்கிறார்கள். ஆகவே நம் மேடைகளில் இந்தப் பத்தியை அப்படியே வாசித்துக் கைதட்டல் வாங்குவதை நிறுத்த வேண்டும் என்று மனதார வேண்டுகிறேன்.

அடுத்து ரோமுக்குப் போவோம். கி.பி. 64 ஜூலையில் ரோம் நகரம் பற்றி எரிந்தது. நீரோவே தீ வைக்கச் சொன்னார் என்று ஊரெல்லாம் பேச்சு. அந்தப் பழியை மாற்றுவதற்காக அவர் கிறிஸ்தவர்களைப் பிடித்தார். டாசிட்டஸ் என்ற ரோம வரலாற்றாசிரியர் இதை 50 ஆண்டுகளுக்குப் பிறகு எழுதினார். மிருகத் தோலைப் போர்த்தி நாய்களை ஏவிவிட்டார்கள், சிலுவையில் அறைந்தார்கள், இருட்டியபின் விளக்குகளாக எரித்தார்கள். இதற்கு நடுவே, இந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்று விளக்குகிறார்: பேரரசர் திபேரியுவின் ஆட்சியில், பொந்தியு பிலாத்துவின் கையால், கிறிஸ்து மரண தண்டனை பெற்றார். அதோடு அடங்கியிருந்த இந்த ‘நாசகரமான மூடநம்பிக்கை’ மறுபடி கிளம்பி யூதேயாவிலும் பரவியது, ரோமுக்கும் வந்து சேர்ந்தது என்கிறார்.

நாசகரமான மூடநம்பிக்கை. இது கிறிஸ்தவரின் பேனா இல்லை. வழக்கு மன்றத்தில் நம் ஆள் நமக்காகச் சொல்வதைவிட எதிராளி வாயிலிருந்து வருகிற வார்த்தைக்கு மதிப்பு அதிகம் அல்லவா? டாசிட்டஸுக்குக் கிறிஸ்தவர்கள் மேல் வெறுப்புதான். ஆனாலும் மக்கள் அவர்களுக்காக இரக்கப்பட்டதையும், பொதுநலனுக்காக இல்லாமல் ஒருவனின் கொடூரத்துக்காகவே அவர்கள் அழிக்கப்படுவதாக மக்கள் எண்ணியதையும் மறைக்காமல் எழுதினார். அந்த நேர்மைக்காக அவரை எனக்குப் பிடிக்கும்.

ரோம அரசின் ஆவணங்களைப் பார்த்துத்தான் டாசிட்டஸ் இதை எழுதினார் என்று சிலர் அடித்துச் சொல்வார்கள். அவர் எங்கிருந்து எடுத்தேன் என்று சொல்லவில்லை. பிலாத்துக்கு அவர் தருகிற ‘புரொகுரேட்டர்’ என்ற பதவிப் பெயரும் பிற்காலத்து யூதேயா ஆளுநர்களுக்கு வழங்கியது. அது எப்படித் தெரியும் என்றால், 1961இல் கடற்கரை நகரமான செசரியாவில், பழைய அரங்கத்தை இத்தாலிய அகழ்வாய்வாளர்கள் தோண்டியபோது ஒரு கல்வெட்டு கிடைத்தது. யாரோ பிற்காலத்தில் அதைப் பெயர்த்தெடுத்துப் படிக்கல்லாகப் போட்டிருந்தார்கள். பாதி எழுத்து உடைந்து போயிருந்தாலும் பிலாத்துவின் பெயரும், யூதேயாவின் பிரிபெக்ட் என்ற பதவியும் அதில் தெரிகின்றன. ஆக, டாசிட்டஸ் தன் காலத்துக்குப் பழக்கமான பதவிப் பெயரைப் போட்டிருக்கிறார். இதனால் அவர் சொன்ன செய்தி பொய்யாகிவிடாது. ஆவணத்தைப் பார்த்து எழுதினார் என்று நாம் சாதிக்க முடியாது, அவ்வளவுதான்.

அந்தக் கல்லைப் பற்றி இன்னொன்று. பிலாத்து கி.பி. 26 முதல் 36 வரை ஒரு மாகாணத்தையே ஆண்டவர். அப்படிப்பட்டவருக்கே, அவர் அடித்த சின்னச் செப்புக்காசுகளையும் நூல்களில் வரும் குறிப்புகளையும் விட்டால், ஒரு கல்வெட்டு கிடைக்க 1961 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அவர் அலுவலக ஏடு ஒன்றுகூட நம் கைக்கு வரவில்லை. கி.பி. 70இல் எருசலேமே எரிந்தது. அப்படியிருக்க, கலிலேயா நாட்டுப்புறத்திலிருந்து வந்த ஒரு தச்சருக்கு அவர் காலத்திலேயே எழுதிய ரோம ஆவணம் எங்கே என்று கேட்பவர்கள், அந்தக் காலத்தில் எது மிஞ்சியது, எது அழிந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

பிளினியை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். இன்றைய துருக்கியின் வடபகுதியில் இருந்த பித்தினியாவின் ஆளுநரான அவர், கி.பி. 112 வாக்கில் பேரரசர் திராயானுக்குக் கடிதம் எழுதினார். கிறிஸ்தவர்கள் குறித்த நாளில் விடியுமுன் கூடி, கிறிஸ்துவைக் கடவுளாகப் பாவித்துப் பாடுகிறார்கள் என்று அதில் இருக்கிறது. அருமையான ஆவணம். ஆனால் அது கிறிஸ்தவர்களைப் பற்றிய சான்று, இயேசுவின் வாழ்க்கையைப் பற்றியது அல்ல. சுவெத்தோனியு என்ற ரோம எழுத்தாளர் குறிப்பிடும் ‘கிரெஸ்து’ நம் கிறிஸ்துதானா என்பதிலேயே சந்தேகம் இருக்கிறது. அதை நான் கணக்கில் சேர்ப்பதில்லை.

பகைவர்கள் என்ன சொன்னார்கள் என்பது எனக்கு இவற்றைவிட முக்கியம். இரண்டாம் நூற்றாண்டில் செல்சு என்ற தத்துவவாதி கிறிஸ்தவத்தைத் தாக்கி ஒரு முழு நூல் எழுதினார். இயேசு ஒரு போர்வீரனுக்கு முறைதவறிப் பிறந்தவர், எகிப்துக்குப் போய் மந்திரவித்தை கற்றவர் என்று வசைபாடினார். யூதர்களின் சமய நூலான தால்முத், மந்திரவித்தை செய்து இஸ்ரவேலை வழிதவறச் செய்ததற்காகப் பஸ்காவுக்கு முந்தின நாள் யேசு தூக்கிலிடப்பட்டதாகச் சொல்கிறது. தால்முத் பிற்காலத்தில் தொகுக்கப்பட்டது என்பதால் அதன் மேல் அதிகப் பாரம் ஏற்ற மாட்டேன். ஆனால் கவனியுங்கள்: எதிரிகளுக்கு ‘அப்படி ஒருவர் இருந்ததே இல்லை’ என்று சொல்ல முடிந்திருந்தால் வேலை எவ்வளவு சுலபம்! அவர்கள் அந்த வழியில் போகவில்லை. அவருடைய பிறப்பைப் பழித்தார்கள், அவர் செய்ததைச் சூனியம் என்றார்கள்.

கடைசியாக, இங்கே இருக்கிற இளைஞர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இயேசுவின் தலைமுடி நிறம், தாடி, கண் எல்லாவற்றையும் வர்ணித்து லெந்துலு என்ற ரோம அதிகாரி எழுதியதாக ஒரு கடிதம் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. அது இடைக்கால ஐரோப்பாவில் கட்டப்பட்டது. தயவுசெய்து அனுப்பாதீர்கள். அதை நம்பிய ஒருவர் பொய் என்று தெரிந்துகொள்ளும் நாளில், டாசிட்டஸையும் யோசேபஸையும் சேர்த்தே தூக்கிப் போட்டுவிடுவார். யோசேபஸின் 20ஆம் புத்தகம், ஒன்பதாம் அதிகாரம், இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அனனுஸின் கதையை நீங்களே படியுங்கள். பத்து நிமிடம் ஆகாது. படித்துவிட்டு, நான் சொன்ன வாதங்களில் எது நிற்கவில்லை என்று தோன்றுகிறதோ அதை எடுத்துக்கொண்டு என்னிடம் வாருங்கள், உட்கார்ந்து பேசுவோம்.

நன்றி, வணக்கம்.