கழைக்கூத்தும் ஈர்ப்பு மையமும்

நேயர்களுக்கு வணக்கம்.

நாற்காலியில் உட்கார்ந்து கேட்பவர்கள் ஒன்று செய்து பாருங்கள். முதுகை நிமிர்த்திச் சாய்மானத்தோடு ஒட்டிக்கொள்ளுங்கள். பாதங்களை முழங்காலுக்கு நேர் கீழே வையுங்கள். இனி முன்னால் சாயாமல், கையை ஊன்றாமல் எழுந்திருங்கள். முடியாது. பயில்வானாக இருந்தாலும் முடியாது. நம் எடை முழுவதும் குவிந்திருப்பதாகக் கொள்ளும் புள்ளி, ஈர்ப்பு மையம், பாதங்களுக்கு நேர் மேலே வந்தால்தான் எழ முடியும். அதனால்தான் ஒவ்வொரு முறையும் குனிந்து எழுகிறோம்.

இந்தப் பாடம் எனக்கு வகுப்பில் கிடைக்கவில்லை. நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரோட்டத்தின்போது ரத வீதியில் கிடைத்தது. எனக்கு அப்போது பத்து வயது. பெருக்கல் குறி போலக் கட்டிய மூங்கில்கள் இரண்டு பக்கமும், நடுவில் கயிறு. கீழே தாய் மேளம் தட்ட, என் வயதுச் சிறுமி கயிற்றில் நடந்தாள். கையில் அவளைப்போல் இரண்டு மடங்கு நீளத்தில் ஒரு மூங்கில். இந்தக் கனத்தையும் ஏன் சுமக்கிறாள் என்று அவள் தகப்பனாரிடம் கேட்டேன். “தம்பி, அது சுமை இல்லை, பிடிமானம்” என்றார். காற்றில் என்ன பிடிமானம்? அவர் சிரிக்கவில்லை. மூங்கிலை என் கையில் கொடுத்து, தரையில் கிடந்த கயிற்றின் மேல் நடக்கச் சொன்னார். உடம்பு சாய்ந்தது, ஆனால் மெல்லச் சாய்ந்தது. காலைச் சரியாக வைத்துக்கொள்ள நேரம் கிடைத்தது.

வீட்டில் துடைப்பத்தை உள்ளங்கையில் நிறுத்திப் பாருங்கள், பிறகு பென்சிலை நிறுத்துங்கள். துடைப்பம் நிற்கும், பென்சில் நிற்காது. நீளமானது மெதுவாகத்தான் சாயும். சட்டென்று திரும்பிச் சாயவிடாமல் தடுக்கும் இந்தக் குணத்துக்குப் புத்தகத்தில் நிலைமத் திருப்புத்திறன் என்று பெயர். அந்தப் பெயரைப் பள்ளியில் படித்தபோது எனக்கு மூங்கில்தான் நினைவுக்கு வந்தது. அந்தச் சிறுமி பள்ளிக்கூடம் போனாளா என்பது இன்றும் என்னை உறுத்துகிறது.

ஆசிரியரான பிறகு பாளையங்கோட்டையில் என் மாணவர்களைக் கொண்டு அறிவியல் நாடகம் போட்டேன். கரும்பலகை கிடையாது, உடம்புதான் எல்லாம். ஒருவர் தோளில் ஒருவர் ஏறும் காட்சிக்கு வைக்கோலும் மெத்தையும் விரித்து ஒரு மாதம் பழகினோம். மேலே நின்ற பெண்ணின் கட்டைவிரல், கீழே நின்றவன் தோளெலும்பைக் கவ்விப் பிடித்திருந்தது. “சார், அவள் கொஞ்சம் இடது பக்கம் வந்தால் போதும், கனமே தெரியாது” என்றான் அவன். எங்கே வந்தால் போதும் என்று அவன் தோளுக்குத் தெரிந்துவிட்டது. திரும்பவும் சொல்கிறேன்: முதலில் தோளுக்குத் தெரிந்தது, ஈர்ப்பு மையம் என்ற பெயரைப் பிறகுதான் சொன்னேன்.

கண்ணாடிக்கு அப்பாலிருந்து கை காட்டுகிறார்கள், ஒரு நிமிடம்தான். கோள்கள் சுழலும் காட்சியை விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன். அதற்குக் கணியான் கூத்து என்னும் நாட்டுப்புறக் கலையின் கலைஞர் ஒருவர் மகுடம் என்னும் தோல்கருவியைக் கொட்டினார். விரித்த கைகளை மார்போடு சேர்த்ததும் பிள்ளைகளின் சுழற்சி வேகமெடுத்தது, மகுடமும் கூடவே வேகமெடுத்தது. கோண உந்தம், அதாவது எடை நடுவிலிருந்து எவ்வளவு விலகி, எவ்வளவு வேகமாகச் சுழல்கிறது என்பதைச் சேர்த்துச் சொல்லும் அளவு, மாறாததே காரணம்: கை உள்ளே வந்தால் வேகம் கூடியாக வேண்டும். மற்றதைச் சொல்ல நேரமில்லை. எழ முடியாமல் நாற்காலியில் இருப்பவர்கள் இப்போது குனிந்து எழுந்துகொள்ளலாம். வணக்கம்.