வெற்றிலைப் பெட்டிக்குள் ஒரு செபமாலை

நேயர்களுக்கு அன்பான வணக்கம்.

உயிர்ப்புப் பெருவிழாவுக்கு முன் வரும் நோன்புக் காலமான தவக்காலம் தொடங்கி இரண்டு வாரம் முடிந்துவிட்டது. அதன் முதல் நாளான திருநீற்றுப் புதனன்று கோவிலில் பூசிய சாம்பலை அன்று இரவே முகம் கழுவித் துடைத்திருப்போம். சாம்பல் நெற்றியில் இருந்தபோது மனதுக்குள் எடுத்த தீர்மானம் இன்று எந்த நிலையில் இருக்கிறது என்பது அவரவருக்குத் தெரியும். முப்பது வருடத்துக்கு மேல் ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி சொல்லிக்கொடுத்தவள் நான். தீர்மானங்கள் பெரும்பாலும் இந்த இரண்டாவது, மூன்றாவது வாரத்தில்தான் தளரும். ஆகவே இந்த வாரத்தில் உங்களோடு பேச வாய்த்ததற்காக மகிழ்கிறேன்.

நான் தூத்துக்குடிக்குத் தெற்கே ஒரு கடற்கரை ஊரில் பிறந்தவள். தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளில் மாமிசம் உண்ணாமல் இருப்பதைச் சுத்தபோசனம் என்று எங்கள் பெரியவர்கள் சொல்வார்கள். ஒருவேளை மட்டும் வயிறாரச் சாப்பிட்டு நோன்பு இருப்பதற்கு ஒருசந்தி என்று பெயர். இந்தச் சொற்கள் இப்போது பிள்ளைகளுக்குத் தெரிவதில்லை. எனக்கு அதில் வருத்தம் உண்டு, அதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நேரம் போதாது.

சுத்தபோசனத்தில் மீன் விலக்கில்லை. கடற்கரை ஊரில் இதற்கு என்ன பொருள் என்று யோசித்துப் பாருங்கள். ஆட்டுக்கறி எங்கள் வீடுகளில் கிறிஸ்து பிறப்புக்கும் கோவில் திருவிழாவுக்கும்தான். வருடம் முழுக்கச் சாளையும் நெத்திலியும்தான் சாப்பாடு. வெள்ளிக்கிழமை வந்தாலும் அதே சாளைக் குழம்பு அடுப்பில் கொதிக்கும். சட்டத்தை மீறியதாக ஒருவரும் சொல்ல முடியாது. ஆனால் எதையாவது விட்டுக்கொடுத்தோமா? இந்தக் கேள்வியை என் மனதில் முதலில் விதைத்தவர் என் ஆச்சி, அதாவது என் பாட்டி. அவர் அதைக் கேள்வியாக ஒருநாளும் கேட்டதில்லை.

1966ஆம் ஆண்டு பிப்ரவரி 17ஆம் தேதி திருத்தந்தை ஆறாம் பவுல் நோன்புச் சட்டங்களைத் தளர்த்தினார். அதற்கு முன்பெல்லாம் தவக்காலம் முழுக்க, ஞாயிறு நீங்கலாக, ஒருசந்தி நாட்கள். அவர் கட்டாய ஒருசந்தியைத் திருநீற்றுப் புதன், பெரிய வெள்ளி என்ற இரண்டு நாட்களுக்குக் குறைத்தார். தவத்தை விட்டுவிடுங்கள் என்று அவர் சொல்லவில்லை. செபத்தாலும் பிறர்அன்புச் செயலாலும் தவத்தை நிறைவு செய்யுங்கள் என்று கேட்டுக்கொண்டார். எங்கள் ஊரில் முதல் பாதிதான் வேகமாகப் பரவியது. ‘இனிமேல் இரண்டு நாள்தானாம்’ என்று கிணற்றடியில் பேசிக்கொண்டார்கள். எனக்கு அப்போது பத்துப் பதினொரு வயது. ஆச்சி அறுபதைக் கடந்தவர். அறுபது வயது தொடங்கிவிட்டால் ஒருசந்திச் சட்டம் யாரையும் கட்டாது, அன்றைக்கும் கட்டவில்லை, இன்றைக்கும் கட்டாது. அதாவது ஆச்சி ஒருசந்தி இருக்க வேண்டிய கட்டாயமே இல்லை.

ஆச்சி மீன் விற்பவர். விடியற்காலையில் கரையில் மீன் எடுத்து, ஓலைப்பெட்டியில் சுமந்துகொண்டு உள்ளூர்த் தெருக்களுக்குப் போவார். மதியம் திரும்பி வந்து குளித்து, சாப்பிட்டு, திண்ணையில் உட்காருவார். அப்போது அவர் கை தானாக இடப்பக்கம் போகும். அங்கே அவருடைய பித்தளை வெற்றிலைப் பெட்டி இருக்கும். ஆத்தூர் வெற்றிலையை எடுத்து, முந்தானையில் துடைத்து, காம்பைக் கிள்ளி, நகத்தால் நரம்பை உரித்து, சுண்ணாம்பைத் தடவி மடிப்பார். கண் எங்கோ பார்த்துக்கொண்டிருக்கும், விரல்கள் தாமாக வேலை செய்யும். அந்த நாளின் களைப்பெல்லாம் அந்த ஒரு மடிப்பில் இறங்கும்.

அந்தத் தவக்காலத்தில் ஆச்சி வெற்றிலையை விட்டுவிட்டார். யாரிடமும் சொல்லவில்லை. நாங்கள் கண்டுபிடிக்கவே ஒரு வாரத்துக்கு மேல் ஆனது. ஏனென்றால் பெட்டி வழக்கம்போல அதே இடத்தில் இருந்தது. யாராவது வந்து உட்கார்ந்தால் ஆச்சி வெற்றிலை மடித்துக் கொடுப்பார். அதே துடைப்பு, அதே கிள்ளல், அதே சுண்ணாம்பு. வந்தவர் மென்றுகொண்டே பேசுவார், ஆச்சி பேச்சுக் கொடுத்துக்கொண்டிருப்பார். வந்தவர் போன பிறகு விரலில் ஒட்டிய சுண்ணாம்பைத் திண்ணை ஓரத்தில் துடைத்துவிட்டுப் பெட்டிக்குள் மறுபடி கையை விடுவார். மேல்தட்டின் ஒரு மூலையில், அவருக்கென்று மடித்து வைக்கும் வெற்றிலை இருக்க வேண்டிய இடத்தில், செபமாலை இருந்தது. மாலையின் பத்து மணிகளை உருட்டிச் செபம் சொல்வார். பிறகு மாலையை அதே மூலையில் சுருட்டி வைப்பார்.

இந்தக் காட்சியை இத்தனை நேரம் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. எதை விடுவது என்று பிள்ளைகள் என்னிடம் கேட்கும்போதெல்லாம் நான் சொல்வது இதைத்தான்: உங்கள் கை தானாக எங்கே போகிறதோ, அதை விடுங்கள். வருடத்துக்கு இரண்டு முறை செய்வதை விடுவதால் அதன் குறை நமக்குத் தெரியாது. கை தானாகப் போகிற ஒன்றை விட்டால் ஒரு நாளைக்குப் பத்து முறை, இருபது முறை வெறுமை வந்து நம்மைத் தொடும். அந்த வெறுமையில் ஒரு செபத்தை வைக்க வேண்டும். ஆச்சியின் கை ஒவ்வொரு முறை பெட்டிக்குப் போனபோதும் அது அவருக்குக் கோவில் மணி அடித்ததுபோல.

இன்று பலருக்கு அந்தப் பெட்டி கைபேசிதான். காலையில் கண் திறந்ததும் கை எதைத் தேடுகிறது? சிலருக்கு மாலை ஐந்து மணித் தேநீர். சிலருக்கு, இதை மனம் நொந்துதான் சொல்கிறேன், அடுத்த வீட்டைப் பற்றிய ஒரு சொல். நாக்கும் தானாகத்தான் போகிறது.

ஆச்சியின் கதை இன்னும் முடியவில்லை. அவருக்கு ஒரு நாளைக்கு வெற்றிலை பாக்குக்குப் பத்துப் பைசா செலவாகும். வெற்றிலை போடாத ஒவ்வொரு நாளும் அந்தப் பத்துப் பைசாவை ஒரு பழைய சுண்ணாம்பு டப்பியில் போட்டு வந்தார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஒரு வெற்றிலை போட்டுக்கொள்வார், அன்று காசு விழாது. ‘ஞாயிறு ஆண்டவர் உயிர்த்த நாள், அன்று துக்கம் கொண்டாடக் கூடாது’ என்றார். திருநீற்றுப் புதனிலிருந்து உயிர்ப்பு ஞாயிறுக்கு முந்திய பெரிய சனிக்கிழமைவரை எண்ணிப் பார்த்தால் 46 நாட்கள் வரும். ஆறு ஞாயிறுகளைக் கழித்தால்தான் 40. இந்தக் கணக்கை நான் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை, அந்த டப்பியில்தான் படித்தேன்.

பெரிய வியாழக்கிழமை சாயங்காலம், இன்னும் இரண்டு நாள் மீதி இருந்தும், ஆச்சி காசை எண்ணி ஒரு துணியில் முடிந்து என்னிடம் கொடுத்தார். இரண்டு தெரு தள்ளி ஒரு வீடு. அந்த வீட்டுக்காரர் கடலுக்குப் போய்த் திரும்பி வரவில்லை, மூன்று பிள்ளைகள். ‘பின்கட்டில் அம்மி இருக்கும், அதன்மேல் வைத்துவிட்டு வந்துவிடு, யாரையும் கூப்பிடாதே’ என்றார். மூன்று ரூபாய் எண்பது பைசா. அன்றைக்கு அந்த வீட்டில் சில நாள் அடுப்பு எரிய அது போதும். வைத்துவிட்டு வந்தேன். மறுநாள் பெரிய வெள்ளி, எங்கள் ஊரில் ஒரு வள்ளமும் கடலில் இறங்காத நாள். கோவில் முற்றத்தில் அந்தத் தாய் ஆச்சியிடமே வந்து, ‘யாரோ புண்ணியவான்கள் அம்மியில் காசு வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்’ என்று சொன்னார். ஆச்சி, ‘ஆண்டவருக்குத் தோத்திரம்’ என்று மட்டும் சொல்லிவிட்டு முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டார். நான் ஆச்சியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

திருநீற்றுப் புதன் திருப்பலியில் வாசிக்கப்படும் மத்தேயு நற்செய்தி ஆறாம் அதிகாரம் இதைத்தானே சொல்கிறது? தர்மம், செபம், நோன்பு என்று மூன்றையும் இயேசு அடுத்தடுத்துச் சொல்கிறார், மூன்றையும் மறைவாகச் செய்யச் சொல்கிறார். வலக்கை செய்வது இடக்கைக்குத் தெரியாதிருக்கட்டும் என்பதும், நோன்பு இருக்கும்போது தலைக்கு எண்ணெய் தேய்த்து முகம் கழுவுங்கள் என்பதும் அங்கேதான் வருகிறது. ஐந்தாம் நூற்றாண்டில் இத்தாலியில் ரவென்னா நகரின் ஆயராக இருந்த புனித பீட்டர் கிறிசோலோகு ஒரு மறையுரையில் இந்த மூன்றையும் ஒரே உயிர் என்கிறார். இரக்கம்தான் நோன்புக்கு உயிர் கொடுக்கிறது, ஒன்றை மட்டும் வைத்திருப்பவருக்கு எதுவும் இல்லை என்கிறார். ஆச்சி அவரைப் படித்ததில்லை. ஆச்சிக்கு எழுத்தே தெரியாது. ஆனால் அந்த மூன்றும் ஒரே பித்தளைப் பெட்டிக்குள் இருந்தன. நோன்பு வெற்றிலையில், செபம் மாலையில், தர்மம் சுண்ணாம்பு டப்பியில்.

இங்கே ஒரு வார்த்தை. சர்க்கரை நோய்க்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை போடுகிறவர்கள், கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார் உணவைக் குறைக்க வேண்டாம். திருச்சபை அவர்களிடம் அதைக் கேட்கவில்லை. உணவு அல்லாத ஒன்றை விடுங்கள்.

சரி, தீர்மானம் நடுவில் முறிந்துவிட்டால்? என்னிடம் அதிகம் பேர் கேட்ட கேள்வி இது. ஆச்சியைப் பார்த்து அடுத்த வருடம் நானும் கருப்பட்டி மிட்டாயை விட்டேன். ஒன்பதாம் நாள் பள்ளியில் தோழி ஒருத்தி நீட்டினாள், வாங்கி வாயில் போட்ட பிறகுதான் நினைவு வந்தது. வீட்டுக்கு வந்து அழுதேன். எல்லாம் போய்விட்டது, இனி இந்த வருடம் வேண்டாம் என்றேன். ஆச்சி தலையை வருடிவிட்டு, ‘நாளைக்கு என்ன கிழமை?’ என்று கேட்டார். வெள்ளி என்றேன். ‘நாளைக்குச் சிலுவைப்பாதையில் ஆண்டவர் எத்தனை தடவை விழுகிறார் என்று எண்ணிக்கொண்டு வா’ என்றார்.

இயேசு சிலுவை சுமந்து போன வழியைப் பதினான்கு நிலைகளாகத் தியானிப்பதுதான் சிலுவைப்பாதை. எண்ணினேன். மூன்றாம் நிலை, ஏழாம் நிலை, ஒன்பதாம் நிலை. பதினான்கு நிலைகளில் மூன்று, விழுவதற்கே. விழுந்த இடத்திலிருந்து அவர் வீட்டுக்குத் திரும்பிப் போகவில்லை. ஏழாம் நிலைக்கு முன்னே ஐந்தாம் நிலையில் சீரேன் ஊர் சீமோன் சிலுவையைச் சுமக்க உதவுகிறார். உதவிக்கு ஆள் வந்த பிறகும் அவர் விழுகிறார். சிறு வயதில் எனக்கு இது புரியவில்லை. இப்போது ஒவ்வொரு வெள்ளியும் முழந்தாளிட்டு, ‘எங்கள்பேரில் தயவாயிரும் சுவாமி’ என்று சொல்லும்போது அந்த ஏழாம் நிலையில் கொஞ்சம் கூடுதலாக நிற்கிறேன்.

இதையே இயேசு சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியார் தம் ‘ஆன்மிகப் பயிற்சிகள்’ என்ற நூலில் ஒரு விதியாக எழுதி வைத்திருக்கிறார். மனம் வறண்டு, செபம் கசந்து, கடவுள் எங்கோ தொலைவில் இருப்பதுபோலத் தோன்றும் நேரத்தில் எந்த மாற்றமும் செய்யாதே, வறட்சி வருவதற்கு முன்பு எடுத்த முடிவிலேயே உறுதியாக நில் என்பது அந்த விதி. ஸ்பெயினில் மன்ரேசா என்ற ஊரில் பல மாதம் தனிமையில் இருந்து, அப்படிப்பட்ட வறட்சியைத் தாமே அனுபவித்தவர் அவர். அவருடைய தோழர்தான் 1542இல் எங்கள் கடற்கரைக்கு வந்த புனித சவேரியார். சவேரியார் உள்ளூர் மக்களின் துணையோடு செபங்களைத் தமிழில் மாற்றி, கையில் மணியோடு தெருத்தெருவாகப் போய்ப் பிள்ளைகளைக் கூட்டினார் என்பது அவருடைய கடிதத்திலேயே இருக்கிறது. அந்தப் பிள்ளைகளின் பிள்ளைகள் வழியாகத்தான் என் ஆச்சிக்கும் செபமாலை வந்தது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு உடல் சிலிர்க்கும்.

ஆகவே இந்த வாரத்தில் தீர்மானம் தளர்ந்தவர்கள் புதிதாக, பெரிதாக ஒன்றைத் தொடங்க வேண்டாம். விட்ட அதே சின்னத் தீர்மானத்தை நாளைக் காலை மறுபடி எடுத்துக்கொள்ளுங்கள். மறுபடி முறிந்தால் மறுபடி எடுங்கள்.

நேரம் முடியப்போகிறது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கை காட்டுகிறார்கள். குருவானவரிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புப் பெறும் பாவசங்கீர்த்தனம் பற்றி விரிவாகப் பேச வேண்டும் என்று குறித்து வந்திருந்தேன். சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பல வருடமாகப் போகாதவர்களுக்கு மட்டும் இது. பெரிய வாரம்வரை காத்திருக்க வேண்டாம், அப்போது வரிசை நீளமாக இருக்கும், குருவானவருக்கும் நின்று கேட்க நேரம் இருக்காது. இந்த வாரமோ அடுத்த வாரமோ ஒரு சாதாரண நாளில் போங்கள். பாவங்களுக்காக வருந்திச் சொல்லும் உத்தம மனஸ்தாப செபம் மறந்துபோயிருக்கும், பரவாயில்லை. உள்ளே போய், ‘சுவாமி, ரொம்ப வருடமாயிற்று, எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை’ என்று சொல்லுங்கள். அந்த ஒரு வாக்கியம் போதும், மற்றதை அவர் ஒவ்வொன்றாகக் கேட்டு உங்களை அழைத்துக்கொண்டு போவார். என் தம்பி இருபத்திரண்டு வருடம் கழித்து அந்த வாக்கியத்தோடுதான் போனான். திரும்பி வந்து கோவில் படியில் என் பக்கத்தில் உட்கார்ந்து வெகுநேரம் பேசாமல் இருந்தான். பிறகு, ‘அக்கா, பசிக்கிறது, வா வீட்டுக்குப் போவோம்’ என்றான்.

நன்றி, வணக்கம்.