வளையல் இறுகிய மாலை

வணக்கம். மும்பை மாட்டுங்காவில் எங்கள் வீட்டுப் பால்கனியிலிருந்து பேசுகிறேன். இடையிடையே காய்கறி வண்டிக்காரரின் குரல் கேட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள். மார்பகப் புற்றுநோய்ச் சிகிச்சைக்குப் பின் கையில் வருகிற நிணநீர் வீக்கத்தைப் பற்றி இன்று பேசுகிறேன்.

எனக்குச் சிகிச்சை முடிந்து 14 மாதங்கள் ஆனபின், இடக்கையில் எப்போதும் கிடக்கும் வளையல் ஒரு மாலை கழற்ற வராமல் இறுகியது. சோப்பு நுரை தடவிக் கழற்றிவிட்டு, உடம்பு போட்டுவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். அந்த நினைப்பிலேயே இரண்டு மாதங்கள் வீணாயின.

இரத்தக் குழாய்களிலிருந்து கசிந்து திசுக்களின் நடுவே நிற்கும் நீரையும் புரதத்தையும் திரட்டி, மீண்டும் இரத்தத்தில் கொண்டுசேர்ப்பது நிணநீர்க் குழாய்களின் வேலை. கையிலிருந்து வரும் குழாய்களில் பெரும்பாலானவை அக்குள் முடிச்சுகள் வழியாகத்தான் போகின்றன. ‘நெறி கட்டியிருக்கிறது’ என்று நம் பாட்டிமார் தடவிப் பார்ப்பார்களே, அவையேதாம். அறுவைச் சிகிச்சையில் அந்த முடிச்சுகளை எடுத்துவிட்டு, எஞ்சிய இடத்தைக் கதிர்வீச்சும் தழும்பாக்கிவிட்டால், மிச்சமிருக்கும் பாதை சில மாதங்களோ பல ஆண்டுகளோ தாக்குப்பிடித்து, ஒரு கட்டத்தில் சிலருக்குத் திணறத் தொடங்குகிறது. தொடக்கத்தில் விரலால் அழுத்தினால் குழி விழும், கையை உயர்த்தி வைத்தால் வடியும். அப்படியே விட்டால் தோல் தடித்துக் கொழுப்பும் நாரும் சேர்ந்து இறுகிவிடும். சிறுநீர் பிரிய வைக்கும் மாத்திரையைக் கேட்டு வாங்கி விழுங்குகிறவர்கள் உண்டு. அது நீரைக் குறைக்குமே தவிரப் புரதத்தை வெளியேற்றாது.

இன்னும் அறுவைக்குப் போகாதவர்கள், மார்பிலிருந்து நிணநீர் முதலில் வந்துசேரும் ஓரிரு முடிச்சுகளை மட்டும் எடுத்துச் சோதிக்க முடியுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். எடுப்பது குறைந்தால் ஆபத்தும் குறையும்.

“கையை அசைக்காதே, குடத்தைத் தொடாதே” என்று உறவினர்கள் அன்பாகச் சொன்னதை நானும் நம்பினேன். ஆனால் தசை சுருங்கி விரிவதுதான் நிணநீர் மேலேற உதவுகிறது. 2009இல் அமெரிக்காவில் காத்ரின் ஷ்மிட்ஸ் குழுவினர் வெளியிட்ட ஆய்வில், ஏற்கெனவே வீக்கம் இருந்த பெண்கள் மேற்பார்வையில் சிறிது சிறிதாக எடை தூக்கிப் பழகியபோது வீக்கம் கூடவில்லை. திடீரென மோசமாவதும் குறைந்தது. நான் அரைக் கிலோவில் தொடங்கினேன். இப்போது மார்க்கெட் பையையும் தூக்குகிறேன், லோக்கல் ரயிலில் கைப்பிடியையும் பிடிக்கிறேன். அப்போதெல்லாம் இதோ, கையை இறுக்கிப் பிடிக்கும் இந்த அழுத்த உறை கையில் இருக்கும். உறையை நீங்களாக அளவு பார்த்து வாங்காதீர்கள். பொருந்தாத உறை விரல்களை வீங்க வைக்கும்.

கருப்பைவாய்ப் புற்றுநோய்க்காக இடுப்பு முடிச்சுகளை எடுத்தவர்களுக்கு இதே வீக்கம் காலில் வரலாம். மழைக்காலத்தில் இங்கே கிங்ஸ் சர்க்கிளில் முழங்கால் தண்ணீரில் நடப்பது அவர்களுக்கு உண்மையிலேயே ஆபத்து. சிறு கீறல் வழியாகக் கிருமி நுழைந்தால் அந்தக் கால் எளிதில் எதிர்த்து நிற்காது. கையோ காலோ திடீரெனச் சிவந்து சுட்டு, குளிர்காய்ச்சலும் வந்தால், விடியட்டும் என்று காத்திராமல் உடனே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

தையல்காரர் டேப்பால் மணிக்கட்டு, முன்கை, மேற்கை மூன்றையும் ஒவ்வொரு மாதமும் ஒரே இடங்களில் அளந்து நாட்காட்டியில் குறிக்கிறேன். முன்பைவிட அளவு ஏறத் தொடங்கினாலோ, வீக்கமே தெரியாமல் கை கனத்தாலோ, பிசியோதெரபிஸ்ட்டிடம் அந்த வாரமே போய்விடுவேன்.